மச்சம் இடம் மாறிய படம்

மார்ச் மாதம் பதினெட்டாம் நாள், புதன்கிழமை. முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு உயிர்நீத்த பெண்ணொருத்தி, தன் தலைமாட்டில் எந்தப் படத்தை வைக்கவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். வேறெதையும் அவள் கேட்கவில்லை. அந்த ஒன்றையும் தரக்கூடாதென்று சொல்வதற்காக, அவளுடன் பிறந்தவன் பகல் பதினொன்றரை மணிக்குத் தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். வழக்கு இதுதான். இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

"முடிய ஒட்டு," என்றான் தமையன்.

தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் இறந்துபோன தமக்கை சிரித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறருக்கு வண்டியோட்டக் கற்றுக்கொடுத்த அதே காரில், தனக்கென்று ஒரு பிரேக் வைத்திருந்த இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருந்தாள். தலையில் ஒரு மயிர்கூட இல்லை. புருவமும் இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் எடுத்த படம் அது.

"பின்னாடி இருக்கற கார், ரோடு எல்லாத்தையும் வெட்டிடு," என்று அன்று தமக்கை சொன்னாள். "என்னை மட்டும் வெச்சுக்க. தலைல ஒண்ணும் ஒட்டாத. முடிய வெட்டறதுதான் கஷ்டம்னு புலம்புவியே, பாரு, அந்த வேலையையும் உனக்கு மிச்சம் பண்ணிட்டேன்."

புலம்பியது உண்மை. தங்கைக்குத் தொழிலே அதுதான். கடைகளின் விளம்பரத்துக்காக எடுத்த செருப்பு, கைப்பை, வாணலி ஆகியவற்றின் பின்புலத்தை நீக்கி, பொருளைமட்டும் வெள்ளையில் நிறுத்தவேண்டும். நாளொன்றுக்கு இருநூறு படங்கள். வாணலிக்கு ஒரு நிமிடம் போதும். தலைமுடியோ காற்றோடு கலந்து நிற்பது. எது முடி, எது பின்னால் உள்ள சுவர் என்று மென்பொருளுக்கே தெரியாது. இழையிழையாகக் கையால் பிரித்தாகவேண்டும். சீப்பு விளம்பரத்துக்கு வந்த ஒரு பெண்ணின் சுருள்முடிக்காக ஒரு நாள் முழுவதையும் செலவிட்டு, அன்றிரவு சோறு வேண்டாமென்று படுத்தவள் அவள்.

இன்று ஒருமுறை சொடுக்கியதும், வெட்டும் எல்லையைக் காட்டும் புள்ளிக்கோடு எறும்புவரிசைபோல் ஊர்ந்து, எங்கும் பிசகாமல் தலையைச் சுற்றி வந்துவிட்டது. இவ்வளவு எளிதாக எந்தத் தலையும் அவளுக்கு அகப்பட்டதில்லை. அடுத்த விசையை அழுத்தச் சிறிது நேரம் பிடித்தது.

"காதுல விழுந்துச்சா? பிரிண்ட் போடற கடை ஒரு மணிக்குச் சாத்திடுவான். அம்மா மூணு மணிக்கு வந்துடும். அந்த முடிய ஒட்டு."

'அந்த முடி' என்று அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது தனியாக, ஆயத்தமாக இருந்தது. எட்டு மாதங்களுக்குமுன் நோய் உறுதியானபோது, ஓர் இரவு இரயில் பயணத் தொலைவில் தனியாக இருந்த தாய்க்கு அதைச் சொல்லக்கூடாதென்று முடிவெடுத்தவன் தமையன். தாய்க்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்டுகள். பயணமும் அதிர்ச்சியும் கூடா என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார். தாய் காணொளியில் பேசமாட்டாள். 'மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசினா எனக்குக் காது கேக்காது' என்பாள். குரல் கேட்டால் போதும். மாதம் ஒன்றிரண்டு படங்கள் வேண்டும். அந்தப் படங்களைத் தங்கை செய்தாள். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து தமக்கையை வெட்டியெடுத்து வீட்டுச் சோபாவில் உட்காரவைத்தாள், மாடியில் நிற்கவைத்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய படமொன்றிலிருந்து கூந்தலைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அதையே சூட்டினாள். மருத்துவமனையின் பச்சைத் திரைச்சீலை நிறம் கன்னத்தோரம் ஒட்டியிருந்தால் அதையும் துடைத்தாள். மொத்தம் பதினொரு படங்கள். ஒவ்வொன்றுக்கும் தாயிடமிருந்து 'நல்லா இருக்கா' என்ற பதில் வந்தது.

"அக்கா என்கிட்ட வாக்கு வாங்கிக்கிட்டா," என்றாள் தங்கை. "பொய்ப் படம் இதோட போதும், கடைசிப் படத்துல நான் நானா இருக்கணும்னா."

"செத்தவளுக்குக் குடுத்த வாக்கு பெருசா, உயிரோட இருக்கறவ நெஞ்சு பெருசா?"

தமையன் குனிந்து, சுட்டியின்மேலிருந்த அவள் கைமீது தன் கையை வைத்து அழுத்தினான். கூந்தல் வந்து தலையில் உட்கார்ந்தது. ஓரங்கள் கச்சிதமாகப் பொருந்தின. அவ்வளவு நேர்த்தியான வேலை.

"பாரு. இதுதான் நம்ம அக்கா."

கூந்தல் ஆறு ஆண்டு பழையது. முகம் மூன்று வாரத்தது. அவ்விரண்டுக்கும் இடையில் அவள் எங்கேயுமே இல்லை.

"வேணாம்ணா."

"சரி, வேணாம். அம்மா வந்து கேக்கும். இத்தனை மாசமா வந்த படமெல்லாம் என்னன்னு கேக்கும். நான் என்ன சொல்லட்டும்? செஞ்சது நீ. உன் பேரைச் சொல்லிடட்டுமா?"

இது மிரட்டல். வேறொரு சொல்லால் இதைக் குறிப்பது பிழை. தங்கை அஞ்சியதும் இதற்குத்தான். தமக்கை சாவாள் என்பதற்கு எட்டு மாதங்களாகத் தன்னைப் பழக்கிக்கொண்டவள், தாய் தன் முகத்தைப் பார்த்து 'நீயா செஞ்ச?' என்று கேட்கும் ஒரு நொடிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளவில்லை.

அப்போது அத்தான் உள்ளே வந்தார். தமக்கையின் கணவர், முந்தைய நாள் போட்ட சட்டையை மாற்றாதவர். இரயில் நிலையத்துக்குப் புறப்பட வண்டிச் சாவியைத் தேடி வந்தவர், திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்க சொல்லுங்க அத்தான். வீட்டுக்காரர் நீங்க," என்றான் தமையன்.

அத்தான் மேசைமேலிருந்த சாவியை எடுத்தார். "என்கிட்ட அவ மாத்திரை நேரத்தைப் பத்தித்தான் பேசினா. படத்தைப் பத்தி என்கிட்டயும் கேக்கல, உன்கிட்டயும் கேக்கல." தங்கையைச் சுட்டினார். "இவகிட்ட கேட்டா."

அவர் போய்விட்டார். தலைக்குமேல் மின்விசிறி மட்டும் சுற்றிற்று. பன்னிரண்டு ஐம்பதுக்குத் தங்கை கூந்தலைத் தேர்ந்தெடுத்தாள். மறைக்கவில்லை, அழித்தாள். 'உறுதியாக அழிக்கவேண்டுமா?' என்று மென்பொருள் கேட்டது. அழித்தபின் படத்தை அச்சுக்கடைக்கு அனுப்பினாள். தமையன் வெளியேறினான். கதவை அறையாமல் மெதுவாகச் சாத்திக்கொண்டு போனது அவளை மேலும் கலக்கியது.

முந்தைய மாலை சாவுச் செய்தி கேட்டு இரயிலேறிய தாய், மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வந்தாள். தமக்கையிடம் வண்டி கற்றுக்கொண்டவர்கள் கூடத்துச் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். கிழவியென்று எண்ணி வழிவிட்டவர்களை அவள் தோளால் விலக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு கையில் தண்ணீரும் மறுகையில் மாத்திரையுமாகத் தமையன் பக்கத்திலேயே வந்தான்.

"அம்மா, மொதல்ல உக்காரு. மூச்சு வாங்குது பாரு."

"எனக்கு வாங்கற மூச்சு இருக்கட்டும்டா. நகரு."

தலைமாட்டிலிருந்த படத்தின் எதிரே தாய் நின்றாள். கூடத்தில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தங்கை அவளுடைய மார்பை மட்டும் பார்த்தாள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. தாய் படத்தைத் தொடவில்லை. குனிந்து, உடலின் தலையைச் சுற்றியிருந்த துணியை நெற்றியிலிருந்து பின்னுக்குத் தள்ளினாள். உள்ளங்கையால் தலையை ஒருமுறை முன்னிருந்து பின்னாகத் தடவினாள். பிறகு துணியை முன்பிருந்தவாறே இழுத்துவிட்டாள்.

"எத்தனை மாசமா?"

"ரெண்டு மாசந்தாம்மா. திடீர்னு முத்திப்போச்சு. டாக்டரே எதிர்பாக்கல," என்றான் தமையன்.

"எட்டு மாசம்," என்றாள் தங்கை.

தாய் திரும்பி மகளைப் பார்த்தாள். தங்கை எதிர்பார்த்த கேள்வி வரவில்லை.

"உன் கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்கு?"

அறையில் மூவரும் இருந்தார்கள். தாய் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, விரலால் தள்ளித்தள்ளி ஒரு படத்தைத் தேடிப்பிடித்து மேசைமேல் வைத்தாள். நவம்பரில் அனுப்பிய படம். கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு தமக்கை சோபாவில் அமர்ந்திருந்தாள்.

"இதுல மச்சம் எந்தக் கன்னத்துல இருக்கு?"

தங்கை பார்த்தாள். வலக்கன்னத்தில் இருந்தது. மருத்துவமனைச் சன்னலின் வெளிச்சம் ஒரு பக்கமும், வீட்டுக் கூடத்தின் வெளிச்சம் மறுபக்கமும் விழுந்ததால், இரண்டும் பொருந்தும்பொருட்டுத் தமக்கையை மட்டும் இடவலமாகத் திருப்பிப்போட்டிருந்தாள். செருப்பானாலும் வாணலியானாலும் அப்படித்தான் செய்வது வழக்கம். செருப்புக்கு மச்சம் இல்லை.

"அவகிட்டயே போன்ல கேட்டேன்," என்றாள் தாய். "கண்ணாடில பாத்து எடுத்ததும்மான்னா. கண்ணாடில எடுத்தா, பின்னாடி மாட்டியிருக்கற காலண்டர் எழுத்து மட்டும் எப்படிடி நேரா இருக்கும்?"

தமையன் கையிலிருந்த தண்ணீரை மேசைமேல் வைத்தான்.

"அப்பவே ஏம்மா கேக்கல?" என்றான் தமையன்.

"கேட்டா அதுக்கு இன்னொரு பொய் சொல்லணும். பாவம், பேசவே இளைக்கறா. எதுக்கு அவளுக்கு அந்தச் சிரமம்?" தாய் நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியைத் தங்கையின் பக்கம் தள்ளினாள். "ஒரு ஒரு படமும் வர்றப்ப, இவ எங்க இருக்காளோ, எங்க இருக்காளோன்னு பாப்பேன். தெரியாது. இப்பக் காட்டு. இவள எங்கேருந்து எடுத்தியோ, அங்கயே திருப்பி வை."

"வேணாம்மா," என்றான் தமையன். "ஆஸ்பத்திரிதான். அதுல என்ன இருக்கு பாக்க? நாலு மணிக்கு அக்காவ எடுத்துட்டுப் போற வண்டி வேற வந்துடும்."

"நீ பேசாத."

அசல் படத்தை அழிக்காமல் அடியிலேயே மறைத்துவைப்பது தங்கையின் தொழிற்பழக்கம். நவம்பர் படத்தைத் திறந்தாள். இரண்டுமுறை தவறான இடத்தைச் சொடுக்கினாள். முதலில் தமக்கையைத் திருப்பினாள். மச்சம் இடக்கன்னத்துக்குப் போயிற்று. கூந்தலை எடுத்தாள். சோபாவை அகற்றினாள். காலண்டர் தொங்கிய சுவர் போனபின், வெறும் வெள்ளையில் தமக்கை எதன்மீதும் அமராமல் அமர்ந்திருந்தாள். அவளுடைய இடக்கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. அன்று அந்தக் கை பெருந்தொல்லையாக இருந்ததும், அதை வெட்டிவிட்டு மேலே ஒரு திண்டை வைத்து மறைத்ததும் தங்கைக்கு நினைவு வந்தன. எதற்காக வெட்டினாள் என்பது அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. தமையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அசலைத் திறந்தாள்.

பச்சைத் திரைச்சீலை வந்தது. கட்டில் வந்தது, மருந்துப் பை தொங்கும் கம்பி வந்தது. கட்டிலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தவாறே, மெத்தைமேல் கன்னத்தை வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி தமையன் உறங்கிக்கொண்டிருந்தான். அலுவலக அடையாள அட்டை இன்னும் அவன் கழுத்தில் கிடந்தது. வெட்டியெறிந்த அந்தக் கையின் விரல்கள் அவனுடைய தலைமுடிக்குள் இருந்தன.

தாய் நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். முகம் திரையைத் தொடும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தலையைத் திருப்பாமலே பின்புறமாகக் கையை நீட்டி, தமையனின் சட்டை நுனியைப் பிடித்து, அவனைத் தன் அருகே இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"அடுத்தது," என்றாள்.

வாசலில் அந்த வண்டி வந்து நின்ற ஓசை கேட்டது. இன்னும் பத்துப் படங்கள் இருக்கின்றன. இதைப் படிப்பவர் எவராயினும் சரி, நீங்கள் எழுந்து அந்த அறையின் கதவைச் சாத்துங்கள். வாசலுக்குப் போய், ஓட்டுநரிடம் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள்.