முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

ஞானம்மா தன் வீட்டு முன்பக்கப் போர்ஷனை வங்காளதேசத்துக்காரர்களுக்குக் கொடுக்கச் சம்மதித்ததற்கு வாடகை காரணமில்லை, இரக்கமும் காரணமில்லை. அவளுக்கு வேவு பார்க்க வேண்டியிருந்தது.

பல வருஷமாக அவளுடைய வலது முட்டி அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. சர்ச்சில் எல்லாரும் முழங்கால் போடும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்வாள். மூட்டை மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் மகள் ஜெனிபர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அதே பாட்டைத்தான் ஆரம்பிப்பாள். ஞானம்மா மசியவில்லை.

"நல்லா கீற காலை அறுத்துக்கினு, அப்பறம் ஒரேடியா படுத்துட்டா யாருடி பாக்கறது?" என்பாள். நல்லா கீற கால் அப்போது பூசணிக்காய் மாதிரி வீங்கி முக்காலி மேல் கிடக்கும்.

இந்த நிலையில்தான் ஒருநாள் ஜெனிபர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். அவளோடு வேலை செய்கிற கொல்கத்தாக்காரர் ஒருவருக்குத் தெரிந்த குடும்பம். பங்களாதேஷில் பாரிசால் என்கிற ஊர். புருஷன் கபீர், பெண்டாட்டி சகிதா. அவர்கள் ஊரில் கேட்ட தொகை கட்டுப்படியாகாமல், சென்னைக்கு வந்து அந்த அம்மாளுக்கு மூட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்து ரூம் வாடகை தாங்கவில்லை. டாக்டர் மறுபடி பார்த்து ஊருக்குப் போகலாம் என்று சொல்லும்வரை தங்க ஓர் இடம் வேண்டும்.

"எந்தக் காலு?" என்று கேட்டாள் ஞானம்மா.

"வலது."

"வரச் சொல்லு."

இந்தப் பெண் எழுந்து நடந்தால் தானும் ஆபரேஷனுக்குப் போவது, நடக்காவிட்டால் ஜெனிபரின் வாயை அதோடு அடைப்பது. இதுதான் கணக்கு. இது அவளுக்கும் அவளுடைய ஏசப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீசில் பதிய வேண்டுமாம். அதை ஜெனிபர் போனிலேயே முடித்தாள். மறுநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினாள் சகிதா. ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். தையல் மிஷின் மிதித்து மிதித்தே முட்டியைத் தேய்த்துக்கொண்டவள். கபீருக்குக் கொஞ்சம் இந்தி வரும், ஜெனிபருக்கும் வடக்கத்திப் பையன்களோடு வேலை பார்த்து இந்தி வரும். இந்த இரண்டு இந்தியும் சேர்ந்து கதையைச் சொல்லி முடித்தன. பஸ்ஸில் எல்லை தாண்டி, கொல்கத்தாவில் ரயில் ஏறி, முட்டியை மடக்க முடியாமல் இரண்டு சீட்டுக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நீங்கள் போக வேண்டாம் என்று சொல்லாத ஆள் அவள் தெருவில் இல்லையாம்.

கலெக்டர் ஆபீசில் ஒரு மனு கொடுக்கத் திருவள்ளூர் போவதென்றாலே துணைக்கு ஆள் தேடுகிறவள் ஞானம்மா. இவளோ பாஷை தெரியாத தேசத்தில், முகம் தெரியாத டாக்டரிடம் காலை நீட்டிப் படுத்து, அறுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். இன்னா தைரியம் இந்தப் பொம்பளைக்கு என்று அன்று முழுக்கப் புருஷன் சாலமோனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்படிப்பட்டவளை எப்படிக் கவனிக்காமல் விடுவது? நம் பக்கத்தில் ஆபரேஷன் ஆனவர்களைக் கவனிப்பதென்றால் கட்டிலை விட்டு இறங்க விடாமல் கவனிப்பதுதான். ஆட்டுக்கால் சூப், வஞ்சிரம் மீன் குழம்பு, வெந்நீர் எல்லாம் கட்டிலுக்கே போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, ஞானம்மா தன் இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுபோய் சகிதாவின் முட்டிக்கு அடியில் வைத்தாள். அதை முட்டிக்கு அடியில் கொடுக்காமல் அவளுக்கு வருஷக்கணக்காகத் தூக்கம் வந்ததில்லை. சகிதா ஏதோ சொல்லி அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அட, கூச்சப்படாதம்மா! எனக்கு வேற கீது," என்று செல்லமாக அதட்டி மறுபடி வைத்தாள் ஞானம்மா. அப்புறம் சகிதா அதைத் தொடவில்லை.

நாட்கள் போயின. கால் நீளவில்லை. நின்றாலும் முட்டி லேசாக மடங்கியே நின்றது, வாக்கரை விட்டால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பாவம், இவ்வளவு தூரம் வந்து இப்படியா ஆக வேண்டும்? வருத்தத்தோடு, ஞானம்மாவுக்குச் சொல்லக்கூடாத ஒரு நிம்மதியும் இருந்தது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் ஜெனிபரிடம்.

சகிதாவின் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் கல்பனா வழக்கமாக வரும் நேரத்தில் ஞானம்மா அடுப்படியில் இருப்பாள், கல்பனா வருவதற்குள் படுக்கையைத் தட்டித் தலையணையையும் வெயிலில் போட்டுவிடுவாள். அன்று கல்பனா கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். ஞானம்மா சூப்போடு உள்ளே நுழைந்தபோது கல்பனா ஸ்கூட்டர் சாவியைக்கூடக் கீழே வைக்காமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"முட்டிக்கு அடியில தலகாணி வெக்கக்கூடாதுன்னு மொத நாளே சொன்னேனா இல்லியா? மடங்கின வாக்குலயே இறுகிப்பூடும்! இப்பிடியே போனா திரும்ப அட்மிட் பண்ணி, மயக்க மருந்து குடுத்து நிமித்தணும். யாரு வெச்சது இத?"

மறுபடி அட்மிட் என்றதும் கபீரின் முகம் செத்துவிட்டது. கையிலிருந்த பணமும் தீர்ந்துகொண்டிருந்தது, விசாவும் தீர்ந்துகொண்டிருந்தது.

சகிதா ஞானம்மாவைப் பார்க்கவில்லை. தன் நெஞ்சில் கையை வைத்து, "ஆமி," என்றாள். நான் என்று அர்த்தம். அதற்கு ஜெனிபரின் இந்தி தேவைப்படவில்லை.

ஞானம்மா சூப்பை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"இல்ல கல்பனா. நான்தான் வெச்சேன். அது எடுத்துப் போட்டுச்சு, நான் திருப்பித் திருப்பி வெச்சேன்."

கல்பனா தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று அன்று சாயங்காலம் ஜெனிபர் சகிதாவிடம் கேட்டுப் பார்த்தாள். சகிதா சொன்னதைக் கபீர் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னார். அந்நிய ஊரில் ஒருத்தி தன் தலையணையையே எடுத்துக் கொடுக்கிறாள், அதை எப்படித் தள்ளிவிடுவது?

ஞானம்மா கொல்லைப்புறம் போய் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். ஆபரேஷன் வேலை செய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தவள், அதைக் கெடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது அந்தப் பெண்மேல் வந்த மதிப்பு. கட்டிலில் கிடக்கும்போதும் அடுத்தவள் மனசைப் பார்க்க ஒருத்தியால் முடிகிறதே!

மறுநாளிலிருந்து வீட்டில் வேறு ஞானம்மா. தலையணை பரணுக்குப் போனது. சூப் அடுப்படி மேஜையில்தான் கிடைக்கும், வேண்டுமென்றால் நடந்து வர வேண்டும். கல்பனா காட்டிக்கொடுத்தபடி துண்டைச் சுருட்டி சகிதாவின் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கீழே அழுத்தச் சொல்லி நிற்பாள். சகிதாவுக்கு வேர்த்துக் கொட்டும், உதடு வெளுக்கும். அழுத்தும்போதெல்லாம் "அல்லா!" என்பாள். அவள் படும் வலியைப் பார்க்கப் பொறுக்காமல் ஞானம்மா கூடவே "ஏசப்பா!" என்பாள். போதும் என்று சகிதா ஒருநாளும் சொல்லவில்லை. போதும் என்று கெஞ்சியவள் ஞானம்மாதான்.

நைட் ஷிப்ட் முடித்து வந்த சாலமோன் தூங்க முடியாமல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா, ஊட்ல ஜெபக்கூட்டமா? பேஜாரா கீதுப்பா!"

கட்டிலில் சகிதாவின் முட்டியின் பின்பக்கம் மெத்தையைத் தொட்ட அன்று, ஜெபக்கூட்டத்தில்கூட அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது.

டாக்டரிடம் போகிற நாளில் கபீர் டாக்சி கூப்பிட்டார். சகிதா மாட்டேன் என்றாள். போய்ச் சேர வேண்டிய ஊருக்கு ரயிலில்தானே போக வேண்டும், இப்போதே ஏறிப் பழகுகிறேன் என்றாள். ஸ்டேஷனில் மேம்பாலப் படிக்கட்டின் முன்னால் எல்லாரும் நின்றார்கள். சகிதா கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, புதுக் காலைப் பின்னால் தூக்கி, மெதுவாக ஏறினாள். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். பிறகு மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஞானம்மா பாதிப் படியில் நின்றுவிட்டாள். முட்டி பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பாலத்தின் மேல் அந்த ஒல்லிப் பெண் நேராக நின்று இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முட்டியும் நேராக. ஞானம்மாவுக்குப் பொறாமை வரவில்லை, பெருமைதான் வந்தது. தான் பெற்ற பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது.

"ஜெனி," என்றாள் மூச்சிரைக்க. "என்னையும் சேத்து உட்ரு."

சகிதா ஊருக்குப் போய்ச் சில மாதம் கழித்து ஞானம்மாவின் ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு வந்து முன்பக்கப் போர்ஷனிலேயே படுத்தாள். வலி இவ்வளவு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஜெனிபர் வேலைக்குப் போன பிறகு, சாலமோனைக் கெஞ்சிப் பரணிலிருந்து தலையணையை இறக்கி, முட்டிக்கு அடியில் திணித்துக்கொண்டாள். அப்பாடா என்று கண்ணை மூடியபோது போன் அடித்தது. வீடியோவில் சகிதா.

சகிதா நலம் விசாரிக்கவில்லை. போனைக் கீழே இறக்கு என்று கையைக் காட்டினாள். ஞானம்மா இறக்கவில்லை. சகிதா விடவில்லை. கடைசியில் திருட்டுப் பூனையாக ஞானம்மா போனை முட்டிப் பக்கம் திருப்பினாள்.

"தலகாணி!" என்றாள் சகிதா. அந்த வீட்டில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்ட தமிழ் அது.

ஞானம்மா தலையணையை உருவிப் போட்டாள். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, போனைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். பாரிசாலில் சகிதாவும் தரையில் உட்கார்ந்து, இவளுக்குத் துணையாகத் தன் காலையும் நீட்டிக்கொண்டாள். ஞானம்மா முட்டியை அழுத்தினாள். உயிர் போகிற வலி. கூப்பிட வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை.

போனுக்குள்ளிருந்து சகிதா அவளுக்காகக் கூப்பிட்டாள்.

"ஏசப்பா!"