வீடு மலையிறங்கிய ஆனி மாதம்

ஐந்து வருடங்களுக்கு முன் ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஊசிப்பாறையில் முத்துக்கருப்பன் குடியிருந்த வீடு எழுந்து மலையிறங்கிச் சிவகாசிக்குப் போனது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, தகரம் போட்ட ஒற்றை அறை வீடு. ஊசிப்பாறையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும் என்பதால், மகள் மாரிசெல்வியைச் சிவகாசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்து விடுதியில் விட்டிருந்தார்கள். பிள்ளை போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் ஆடு மேய்த்துவிட்டுத் திரும்பிய முத்துக்கருப்பன், வீடு இருந்த இடத்தில் ஈரமண்ணைத்தான் பார்த்தார். மனைவி வள்ளித்தாய் உள்ளே உலை வைத்திருந்ததால் அவளும் வீட்டோடு போயிருந்தாள். அவர் ஆடுகளைப் பக்கத்து வீட்டில் அடைத்துவிட்டு, நசுங்கிய புல்லைப் பார்த்தபடி இறங்கத் தொடங்கினார்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, மல்லி வழியாகத் தார்ச்சாலையில் மாட்டுவண்டி வேகத்தில் வந்தது. லோடு லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஊருக்கு ஊர் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். சிவகாசிக்குச் சற்று முன்னே ஒரு பட்டாசுக் கம்பெனியை அது நெருங்கியபோது, தகரத்தின் இடுக்கில் புகை வருவதைப் போர்மேன் சங்கிலிமுத்து பார்த்துவிட்டார். தீபாவளி ஆர்டருக்கான திரிகள் வாசல்வரைக்கும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் ஓடினார்.

"எக்கா! அடுப்ப அமத்துங்க! இங்கன அம்புட்டும் பட்டாசு மருந்து!"

வள்ளித்தாய் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். "அது பாட்டுக்கு எந்திரிச்சு வந்துருச்சு அண்ணாச்சி, எனக்கு நிறுத்தத் தெரியல!" என்று அலறிக்கொண்டே, கொதித்த உலையை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். பறந்த ஒரு பொறி வாசல் தாண்டி மிதந்துபோனது. அங்கே வேலைசெய்த பெண்கள் திரிகளைப் பாயோடு வாரிக்கொண்டு ஓட, பொறி வெறும் மண்ணில் விழுந்து கருகியது. வீடு நிற்காமல் போனது.

பள்ளி மைதானத்துக்குள் நுழைந்து, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வகுப்புகள் எல்லாம் வெளியே கொட்டின. வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு மறுமுறைக்கு வரிசையில் நின்ற மாரிசெல்வி, ஓடிவந்து சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். சாயங்காலம் கம்பெனிக்காரர்கள் திரண்டு வந்து சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியை கற்பகம் அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, வள்ளித்தாயிடம் வந்தார்.

"வீட்டத் திருப்பி அனுப்புங்கம்மா. இல்லேன்னா பிள்ளைக்கு டி.சி. குடுக்கறதத் தவிர வேற வழியில்ல."

"சரிங்க டீச்சர், கூட்டிட்டே போயிருதேன்" என்று வள்ளித்தாய் உடனே சொன்னாள். அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் வரல" என்றாள் மாரிசெல்வி. சுவரைத் தள்ளிப் பார்த்தாள். "நீ போ. நான் லீவுக்கு வாரேன்." வீடு அசையவில்லை. அழுகையும் கோபமுமாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா, நீ விட்டாத்தான அது போகும்!"

"நான் எங்கடி பிடிச்சேன்" என்று தொடங்கிய வள்ளித்தாய் பாதியில் நிறுத்தினாள். அவளுடைய கை நிலைக்கதவை விரல் வெளுக்கப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில்தான் முத்துக்கருப்பன் புழுதியோடு வந்துசேர்ந்தார். அந்தக் கையைப் பார்த்தார். வள்ளித்தாய் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"படி தாயி. அழுகை வந்தா மட்டும் அம்மாவுக்குச் சொல்லி விடு."

கடைசி விரல் எடுபட்டதும் தரை அதிர்ந்தது. முத்துக்கருப்பன் தாவி ஏறிக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட, வீடு கேட்டைத் தாண்டி மலைப்பக்கம் ஓட்டமாக ஓடியது.

அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும், அடுப்பை அமர்த்திவிட்டு, வீடு வந்து மாரிசெல்வியைக் கூட்டிப்போனது. ஞாயிறு மாலை கொண்டுவந்து விட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் வரவேண்டாம் என்று அவள் சொல்லி அனுப்பினாள், வீடும் தகரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டு மலையிலேயே இருந்தது. இந்த வருடம் ஊசிப்பாறையிலிருந்து இன்னும் மூன்று பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். மல்லி திருப்பத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுவிடுகிறார். புது வீடுகள் வளைவில் கொஞ்சம் அகலமாகத்தான் திரும்புகின்றன.