ஏழு பெயர்களும் ரிம்மாவின் பயணப்பெட்டியும்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் ரிம்மா. முட்டைக்கோஸை நறுக்கி, உப்புப் போட்டு, கை சிவக்கப் பிசைந்துகொண்டே கொடுத்தாள்.

"ஏகா, கதை எழுதுவேன்னு பீத்திக்குவியே, இதை எழுதேன். ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுது."

(நேரில் நான் அவளை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுகிறேன், அவள் என் முதலாளியின் மனைவி. கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் அவன், அவள்தான். என் பெயர் ஏகாம்பரம். அப்பா பெயர் சுப்பையா. இந்த ஊர்க்காரர்கள் மரியாதைக்கு அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், ஆலையில் மொழிபெயர்ப்பாளனான நான் ஏகா சுப்பையெவிச். இருபத்தாறு வருஷமாக.)

ரிம்மா ஒல்லி. எழுதிவிட்டேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதல் தொடக்கம்: 'போர் நான்காம் ஆண்டில் நுழைந்தபோது ரஷ்யாவின் வட்டி விகிதம் இருபத்தொரு சதவீதத்தை...' இது செய்தித்தாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'ஏரிக்கரையில் பதினொரு அறை கொண்ட இத்தாலிய வீட்டில் ரிம்மா எழுந்தபோது, காப்பிக் கடைக்காரர் அவளுடைய வங்கி அட்டையைத் திருப்பித் தந்து...' இதில் அவள்மேல் பரிதாபம் வருகிறது. நான் அதை எழுதிய வாரத்தில்தான் எங்கள் நாட்டுக் குண்டு உக்ரைனில் ஒரு அடுக்குமாடியைப் பிளந்திருந்தது. அங்கே எழுந்திருக்காதவர்கள் எத்தனை பேர்? காப்பி கிடைக்காதவளைப் பற்றி எந்த முகத்தோடு எழுதுவது என்று ஒரு மாதம் பேனாவைத் தொடவில்லை.

மூன்றாவதுதான் நின்றது. சோஸ்னகாம்ஸ்க் நகரத்தில் லிஃப்ட் ஆலை வைத்திருந்த சவேலி இக்னாத்யெவிச், ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, தன் ஆலையிலேயே செய்த லிஃப்டில், தன் மனைவி ரிம்மாவோடு மாட்டிக்கொண்டான்.

3

சவேலிக்கு ஐம்பத்தெட்டு வயது. பெரிய தோள், வலது காது கேட்காது. இளவயதில் லிஃப்ட் மெக்கானிக். தொண்ணூறுகளில் அரசாங்கம் ஆலைகளை விற்றபோது வாங்கினான். எப்படி வாங்கினான் என்று நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் வாங்கிய யாரிடமும் யாரும் கேட்பதில்லை.

பணம் வந்ததும் ரிம்மா இத்தாலிக்குப் போனாள், மகள் அக்லாயாவைப் படிக்கவைக்க. படிப்பு முடிந்தும் திரும்பவில்லை. சவேலி வருஷத்துக்கு இரண்டு முறை போய்வருவான். பதினொரு வருஷம் அப்படியே ஓடியது. சண்டை இல்லை, கோபம் இல்லை. போதுமான பணம் இருந்ததால் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை.

பிறகு போர் வந்தது. இரண்டாம் வருஷம் ஐரோப்பா போட்ட தடைப்பட்டியலில் சவேலியின் பெயர் ஏறியது, இத்தாலிய வீட்டுக்குப் பூட்டு விழுந்தது. மகளை அங்கேயே விட்டுவிட்டு, ரிம்மா இரண்டு பெட்டியோடு சோஸ்னகாம்ஸ்க் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அவளுடைய பெட்டியைத் தூக்கியவன் நான். சவேலி பூங்கொத்தோடு நின்றுகொண்டு, "வந்துட்டியா?" என்றான், தபால்காரரிடம் கேட்பதுபோல.

"வேற எங்க போறது?" என்றாள் அவள்.

4

சவேலிமேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கதாநாயகன்மேல் கதாசிரியனுக்கு வரும் சந்தேகம் இல்லை, கூட வேலை பார்த்தவனுக்கு வரும் சந்தேகம்.

போரின் முதல் வருஷம் ஆலை வாசலில் மூன்று மாடி உயரத்துக்குப் படையை வாழ்த்திப் பதாகை கட்டினான். இரண்டு வேன் நிறையக் கம்பளிக் காலுறை அனுப்பினான். அன்று மேடையில் பேசிய பேச்சை இந்தியாவிலிருந்து வந்திருந்த பேரிங் வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். 'விரைவில்' என்ற சொல் அதில் ஆறு முறை வந்தது. அந்தப் பதாகைப் படத்தைப் பார்த்த அன்றோடு அக்லாயா அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நம்பித்தான் கட்டினானா? ஒருமுறை கேட்டேன்.

"எல்லாரும் கட்டினாங்க. கட்டாத வாசல் பளிச்சுன்னு தெரியும்ல" என்றான்.

(இந்தப் பதிலோடு அவனை உங்களுக்குப் பிடிக்காமல் போனால், அது நியாயம். எனக்குப் பிடித்திருக்கிறது. அதுவும் உண்மை. மேடைக்குக் கீழே நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன் வேறு எப்படி எழுதுவான்?)

5

நான்காம் வருஷம் ஊரெங்கும் கட்டுமானக் கிரேன்கள் அசையாமல் நின்றன. அந்த வட்டியில் யார் கடன் வாங்கி வீடு கட்டுவார்கள்? வீடு இல்லையென்றால் லிஃப்ட் எதற்கு? அறுநூறு பேர் இருந்த ஆலையில் மிச்சம் முந்நூற்று நாற்பது பேர். பக்கத்து ஊர் பீரங்கி ஆலை இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்தது, போனவர்களில் பாதிப் பேர் அங்கே. கையெழுத்துப் போட்டால் கிடைக்கும் பெருந்தொகைக்காகக் கொஞ்சம் பேர் போர்முனைக்கு. தடையால் லிஃப்டின் ஜெர்மன் கட்டுப்பாட்டுப் பலகை வராமல், மூன்று நாடு சுற்றி எங்கிருந்தோ ஒன்று வந்தது. அதற்கு எப்போதாவது மூளை உறைந்துபோகும்.

சவேலியின் பணக்கார நண்பர்கள் வியாழக்கிழமைகளில் நீராவிக் குளியலுக்குக் கூடுவார்கள். முன்பெல்லாம் படகு பற்றிப் பேச்சு. இப்போது துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் ஒரே கேள்வி: "இந்த வாரம் யாரோடது போச்சு?" மாக்கரோனி ஆலைக்காரனுடையது போனது. உர ஆலைக்காரனுடையது போனது. தொண்ணூறுகளில் வாங்கியது செல்லாது என்று வழக்கு, இரண்டே அமர்வு, ஆலை அரசாங்கத்துக்கு, அங்கிருந்து யாரோ ஒரு மருமகனுக்கு. குளியல் வழக்கப்படி பிர்ச் மர இலைக்கட்டால் முதுகில் அடித்துக்கொண்டு எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தபடியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்த மார்ச்சில்தான் நகர அதிகாரி ஒருவர் சவேலியைக் கூப்பிட்டனுப்பினார். ஒவ்வொரு ஆலையும் 'தானாக முன்வரும்' ஆட்களைப் படைக்கு அனுப்ப வேண்டுமாம். சவேலியின் பங்கு ஏழு.

"யாரைன்னு நான் எப்படிங்க சொல்றது?"

"உங்களுக்குத் தெரியாதா என்ன? குடிக்கிறவன், தகராறு பண்றவன், சொல்லாம லீவு போடறவன். நீங்க பேரை மட்டும் குடுங்க, பேசிச் சம்மதிக்க வைக்கிறது எங்க பொறுப்பு. புதன்கிழமை காலைல போதும்."

6

செவ்வாய்க்கிழமை. ரிம்மா ஆலைக்கு வந்தது பல் வைத்தியரிடம் போகக் கார் கேட்க. இருவரும் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கினார்கள். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கும் அணைந்தது.

"உன் லிஃப்ட்தானே?" என்றாள் ரிம்மா.

"என் லிஃப்ட்தான். மூளை மட்டும் வேற யாரோடதோ."

அவன் போனை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டபோது மடித்த தாள் ஒன்று கீழே விழுந்தது. அவள் எடுத்து, போன் வெளிச்சத்தில் பிரித்தாள். அவன் கையெழுத்து. ஏழு பெயர்.

"என்ன இது? போனஸா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். (ஒரு வரைவில் சொல்கிறான். ரஷ்ய மொழியில் படித்துக் காட்டியதும் ரிம்மா, "பொய் சொன்னா அவனுக்கு இடது காது சிவக்கும். உன் கதைல சிவக்கலியே" என்று கேட்டதால் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.) உண்மையைச் சொன்னான். முழுவதும்.

ரிம்மா ஒவ்வொரு பெயராகப் படித்தாள்.

"நஸார். யாரு இவன்?"

"வெல்டர். குடிப்பான்."

"நீ குடிக்க மாட்டியா?"

"ரிம்மா..."

"சரி. இவன்?"

"ஸ்டோர்ல இருக்கான். பொண்டாட்டி ஓடிப்போயிட்டா. தனி ஆள்."

ஏழு பேரையும் கேட்டாள். பிறகு, "எதை வச்சு இவங்களைத் தேர்ந்தெடுத்தே, சாவா?" என்றாள். (சாவா, சவேலியின் செல்லப்பெயர்.)

சவேலி தாளை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தான். பிறகு சொன்னான்: "யாரு செத்தா யாருமே என் வாசல்ல வந்து கேக்க மாட்டாங்களோ, அவங்க."

இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். இருட்டைப் பற்றி, மனசாட்சியைப் பற்றி, ஒரு தேசமே இப்படித்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது என்று. அவன் வாக்கியம் போதும்.

ரிம்மா திட்டவில்லை. தரையில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். ரிம்மா இத்தாலிக்குப் போனதிலிருந்து அத்தனை நெருக்கமாக உட்கார்ந்ததில்லை என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். நாற்பது நிமிஷம். அக்லாயாவைப் பற்றிப் பேசினார்கள். கல்யாணமான புதிதில் ஒன்பது பேர் ஒரே சமையலறையில் சமைத்த குடியிருப்பைப் பற்றிப் பேசினார்கள். ஒரு இடத்தில் ரிம்மா சிரித்தாளாம். எதற்கு என்று இருவருமே சொல்ல மறுக்கிறார்கள்.

பிறகு மேலேயிருந்து ஒரு குரல். "சவேலி இக்னாத்யெவிச், கொஞ்சம் பின்னால ஒதுங்கிக்குங்க! கதவை நெம்பறேன். அம்மா, கண்ணை மூடிக்குங்க, தூசி விழும்!"

கதவு விலகியது. ஒரு கறுத்த கை உள்ளே நீண்டது. ரிம்மா அதைப் பிடித்து ஏறினாள். வெளியே நின்று கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டவனிடம், "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

"நஸார்ங்கம்மா" என்றான் அவன்.

(இது கதைக்காகச் செய்ததுபோல இருக்கிறது என்று தெரியும். மாற்றிவைக்க முயன்றேன். ஆனால் ஆலையில் அன்று கடப்பாறை பிடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் மிச்சம். மற்றவர்கள் பீரங்கி ஆலைக்குப் போய்விட்டார்களே.)

7

ஒரு வரைவில் சவேலி அந்த ஏழு பெயரையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதுகிறான். எனக்கு மிகவும் பிடித்த வரைவு அது. சவேலிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏகா சுப்பையெவிச், என்னை வீரன் ஆக்காதே. ஒத்தக் காதுக்காரன், எவனும் எடுக்க மாட்டான். அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். சும்மா நாடகம்."

நடந்தது இது. புதன்கிழமை காலை அதிகாரியின் அறைக்குப் போனான். அவர் தேநீர் ஊற்றினார்.

"ஏழு பேரும் ரெடியா?"

"யாரும் இல்லீங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா இதைச் சொல்ல வாய் வராதுங்க. அதான் யோசிக்காம வந்தேன்."

அதிகாரி சிரித்து, கேக்கை அவன் பக்கம் நகர்த்தினார். சவேலி ஒரு துண்டு சாப்பிட்டான். பாதி மேஜையில் விழுந்தது, அதை விரலால் ஒற்றி எடுத்துத் தின்றானாம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். "பயந்தேன்னு எழுது" என்றான்.

பத்தொன்பதாம் நாள் வழக்கு வந்தது. இரண்டு அமர்வு. தீர்ப்பு வந்த வியாழக்கிழமை நீராவிக் குளியலில் யாரும் கேள்வி கேட்கவில்லையாம், யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆலை போனது, நகரத்து வீடு போனது, மேல்விசாரணை முடியும்வரை நாட்டைவிட்டு வெளியேறத் தடை. மிஞ்சியது ஊருக்கு வெளியே ரிம்மா பெயரில் இருந்த மரவீடு.

புது நிர்வாகி முதல் வாரமே அதிகாரிக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். ஒன்பது பெயர். பழைய ஏழில் ஐந்து பேரை அதற்கு முன்பே சவேலி கூப்பிட்டுச் சொல்லி, வேலையைவிட்டு அனுப்பியிருந்தான். சிதறிப் போய்விட்டார்கள். ஆறாமவன் சிக்கினான்.

ஏழாமவன் நஸார். சவேலி சொன்னபோது, "நான் எதுக்குங்க ஓடணும்?" என்று அங்கேயே இருந்தான். புதுப் பட்டியலில் அவனை யாரும் எழுதவில்லை. அக்டோபரில் தானாகப் போய்க் கையெழுத்துப் போட்டான், மகளுக்கு வீடு வாங்க. ஜனவரிக்குப் பிறகு தகவல் இல்லை.

இதை எழுத வேண்டாம் என்று சவேலி கேட்டுக்கொண்டான். எழுதிவிட்டேன்.

8

இப்போது சவேலி கருவிப்பெட்டியோடு ஒன்பது மாடிக் கட்டிடங்களுக்குப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிறான். ஆள் பஞ்சத்தில் வேலைக்குக் குறைவில்லை. "முதலாளியே வந்துட்டாருடா" என்று கேலி செய்கிறார்கள். "முதலாளி போயிட்டான், நான் அவன்கிட்ட வேலை பார்த்தவன்" என்பான். சாயங்காலம் திரும்பினால் ரிம்மா அவன் இடது பக்கமாக உட்கார்ந்துகொள்கிறாள், கேட்கிற காதின் பக்கம். இருவரும் உப்பு அதிகமா குறைவா என்று சண்டை போடுகிறார்கள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

போன மாதம் அக்லாயா அம்மாவுக்குப் போன் செய்தாள். குழந்தை பிறக்கப் போகிறது, முதல் பிரசவம், தனியாக இருக்கிறாள். ரிம்மாவின் இத்தாலியக் குடியிருப்பு அனுமதி இன்னும் செல்லும். போனால் மறுபடி வர முடியுமா என்று யாருக்கும் தெரியாது. சவேலியால் போக முடியாது. அப்பாவைப் பற்றி மகள் கேட்கவும் இல்லை. இஸ்தான்புல் வழியாக வியாழக்கிழமை காலை டிக்கெட்.

இன்று புதன்கிழமை. பகலில் போயிருந்தேன்.

"எப்படி முடிச்சிருக்கே?" என்றாள் ரிம்மா.

"ரெண்டு முடிவு வச்சிருக்கேங்க. ஒண்ணுல போறீங்க. ஒண்ணுல..."

"ரெண்டையும் கிழி. போறேன்னு எழுதினா அவன் கேட்டுட்டு இப்பவே டாக்ஸி கூப்பிட்டுருவான். இருக்கேன்னு எழுதினா, என் பொண்ணுக்கு நீயா பதில் சொல்லுவே?"

வாசல் பக்கம் போனேன். சவேலி படிக்கட்டில் அவளுடைய பயணப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஒரு சக்கரம் கிறீச்சிட்டதாம்.

"நீங்க போகச் சொல்றீங்களா?" என்றேன்.

"நான் எதுவும் சொல்லல. சக்கரம் நல்லா ஓடணும். அவ்வளவுதான்." விரலால் சுழற்றிப் பார்த்தான். "உள்ள போய் அவகிட்ட சொல்லு. பெட்டி ரெடி. போறதுக்கும் ரெடி, திரும்பி வர்றதுக்கும் ரெடி."

"நீங்களே சொல்லுங்களேன்."

"என் குரல் உடையும்" என்றான். இடது காது சிவக்கவில்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். என் இருபத்தாறு வருஷ வேலையில் ஒரே மொழியிலிருந்து அதே மொழிக்கு மொழிபெயர்த்தது அந்த ஒருமுறைதான். கேட்டுவிட்டு ரிம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலை நோக்கி நடந்தாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

கீழே ஒரு வாக்கியத்தைத் தொடங்கி வைக்கிறேன். போரைத் தொடங்கியவர்கள் முடிக்காதபோது நான் மட்டும் முடிவு வைத்திருப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் முடியுங்கள். ஆனால் அவளைக் குறை சொல்லாத ஒரு வினைச்சொல்லாகப் பார்த்துப் போடுங்கள்.

வியாழக்கிழமை காலை ரிம்மா