மூன்றடி தள்ளி

...பிரதீபா வேண்டாம், அவ்வளவுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டால் ஒரு சொட்டு கசிந்தாலும் அது கழிவுத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், ராத்திரி முழுக்க அதைத்தானே செய்தாள், கசிந்ததை எடுத்து ஐயோ பாவம் என்று யாராவது திரும்பக் குழாயில் மாட்டுவார்களா, மாட்டமாட்டார்கள், செமோர் கையுறைத் தொழிற்சாலை வாசலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பியபோது கௌரிக்கு அந்த முடிவில் ஒரு சந்தேகமும் இல்லை. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கிக் கிடந்தன, கண் எரிந்தது, தூக்கம் வரவில்லை, வேலை முடிந்த காலையில் அவளுக்குத் தூக்கம் வருவதே இல்லை, தலை மட்டும் கழுவிவிட்ட தரை மாதிரிச் சுத்தமாக இருக்கும், முடிவெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒன்பது பெண்கள், கல்லூரி ஏற்பது எட்டுப் பேரை, மத்தியானத்துக்குள் பெயர்களைச் சொல்லிவிடு என்று விளையாட்டு அதிகாரி என்சிக் ரோஸ்லி சொல்லியாகிவிட்டது, கூடவே இன்னொன்றும் சொன்னார், போன பருவம் மாதிரி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வந்து நின்றால் பெண்கள் கூடைப்பந்துக்கு இதுதான் கடைசி வருடம், திடல் ஃபுட்சாலுக்குப் போய்விடும், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நல்ல மனிதர், அதே கல்லூரியில் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவளிடம் பயிற்சி கொடு என்று ஒரு குழுவை யார் தூக்கிக் கொடுப்பார்கள், வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

போன பருவம்... அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். ஈப்போவில் தோற்றார்கள், தைப்பிங்கில் தோற்றார்கள், வேனில் ஏசி கெட்டுப்போய் மூன்று மணி நேரம் வெந்து கோலாலம்பூருக்குப் போய் அங்கேயும் தோற்றார்கள், எல்லா ஆட்டமும் ஒரே ஆட்டம், பிரதீபா பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவாள், மற்ற நால்வரும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்று பார்ப்பார்கள், பிரதீபா மூன்று பேருக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டு எறிவாள், வளையத்தில் பட்டுத் திரும்பும், பிறகு அவளே வானத்தைப் பார்ப்பாள். நன்றாக ஆடுகிறவள்தான், அதுதான் தொல்லை, நன்றாக ஆடுகிற ஒருத்தியை நம்பி நான்கு பேர் ஆட மறந்துவிட்டார்கள். பருவம் முடிந்ததும் பெரியவர்கள் படிப்பை முடித்துப் போனார்கள், போகட்டும், கௌரி ஒருத்தியையும் இருக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை, இடிந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைவிடப் புதிதாகக் கட்டுவது லேசு. பிரதீபாவை நிறுத்த வேறு காரணம் எதுவும் இல்லையா? இல்லை. கோயிலில் பிரதீபாவின் அம்மா பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டே கேட்டாளே, கௌரி இன்னும் அந்த குளவ் ஃபேக்டரியிலதானோ என்று, கௌரியின் அப்பா ஐயாத்துரை முந்திக்கொண்டு, இவள் குவாலிட்டியில இருக்கிறாள் என்றாரே, என்னமோ பல் வைத்தியம் பார்க்கிற அக்கா சுவர்ணாவுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பது மாதிரி... அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், சம்பந்தமே கிடையாது, ஆட்டம் வேறு, கோயில் வேறு.

புதிதாக எங்கே போய் ஆள் பிடிப்பது என்று எல்லாரும் கேட்டார்கள், கூடைப்பந்து ஆடுகிற பெண்கள் எல்லாம் சீனப் பள்ளிகளில் இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கல்லூரிக்கு வரமாட்டார்கள், நம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்துதான் ஆடினார்கள், அதுவும் ஆசிரியர் நீட்டிய பக்கம் நின்று. சரி, வலைப்பந்துக்காரிகளைப் பிடித்தால் என்ன? இது அவளுக்கு எப்போது தோன்றியது, கோப்பெங்கில் அந்தத் தீபாவளி விளையாட்டுப் போட்டியில், தாமான் என்கிற குடியிருப்பின் வீடுகளுக்கு நடுவில் கோடு போட்ட கார் நிறுத்துமிடத்தில், துளசி என்ற ஒல்லிக்குச்சி பந்தைப் பிடித்த இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நின்று, பார்க்காமலே பக்கவாட்டில் எறிந்தாள், அது போய்ச் சேர வேண்டிய கையில் சேர்ந்தது. வலைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது, பிடித்தால் நிற்க வேண்டும், நின்றால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. கௌரி வாங்கிய சிரப் தண்ணியைக் குடிக்காமல் நின்றாள், தட்டாத குழு, பந்து தரையையே தொடாத குழு, ஒருத்தியை நம்பி நிற்காத குழு, யாரிடம் இருக்கிறது அப்படி ஒன்று. ஆட்டம் முடிந்ததும் நேரே போய்க் கேட்டாள், எங்கள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாயாமே, பாஸ்கட்பால் ஆட வருகிறாயா, துளசி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு அது தெரியாதேக்கா." "தெரியாததுதான் வேணும்." "இந்த எஸ்டேட்டில இருந்து எப்படிக்கா வாரது, பஸ்ஸே இல்ல." எஸ்டேட் எங்கே இருக்கிறது என்று கௌரி சுற்றிப் பார்த்தாள், ஒரே நிறத்தில் வீடுகள், வரிசையாகக் கார்கள். துளசி சிரித்தாள். "ரப்பர் போய், செம்பனை போய், இப்ப தாமான்கா, நாங்க மட்டும் இன்னும் எஸ்டேட்டுன்னுதான் சொல்றோம், பழகிருச்சுலா." அவள் வந்தாள், ஷாமினியைக் கூட்டி வந்தாள், ஷாமினி இன்னும் ஆறு பேரை இழுத்து வந்தாள், மூன்று வாரத்தில் ஒரு குழு.

புதுக்கிராமத்துச் சீனக் கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட திடல், சுண்ணாம்பு மலை இன்னும் பனிக்குள் பாதி ஒளிந்திருந்தது, கௌரி போய்ச் சேர்ந்தபோது கல்லூரி வேன் வந்து நின்றிருந்தது, பெண்கள் கால் உதறிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பக்கம் ஆ லான் ஆன்ட்டியின் குழு. சனிக்கிழமை தவறாமல் ஆடுகிற அம்மாக்கள், ஒருத்தி நூடுல்ஸ் விற்கிறாள், ஒருத்தி பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து ஓரமாக நிறுத்தியிருக்கிறாள், எல்லாருக்கும் முழங்காலில் கட்டு, ஆனால் இளவயதில் மாநிலத்துக்கு ஆடியவர்கள், போன பருவத்துக் குழுவைப் பேசிக்கொண்டே தோற்கடித்தவர்கள். இன்றைக்கு இவர்களுக்கு எதிரில் நின்று காட்டட்டும், பிறகு எட்டுப் பெயரைச் சொல்லலாம், எட்டும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, இது சும்மா கண்ணுக்கு ஒரு சாட்சி. கௌரி பிரதீபாவை உட்காரச் சொன்னாள். பிரதீபா பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்து ஷூக் கயிற்றை இறுக்கினாள், அவிழ்த்து மறுபடி இறுக்கினாள்.

முதல் பத்து நிமிடம், கௌரிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, சந்தோஷத்தில், பந்து துளசியிடமிருந்து ஷாமினிக்கு, ஷாமினியிடமிருந்து கூடைக்கு அடியில் நிற்கிற நெட்டைக்காரிக்கு, ஒரு முறைகூடத் தரையில் படாமல், அம்மாக்கள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியே களைத்தார்கள், நூடுல்ஸ்காரி இடுப்பில் கைவைத்து, ஐயோ இது என்ன பந்தா பறவையா என்று மலாயில் கேட்டாள். சொன்னேனா இல்லையா. யாரிடம் சொன்னாள்? யாரிடமும் இல்லை, தொழிற்சாலையில் குழாய்களைப் பார்த்துச் சொன்னாள், வீட்டில், சாப்பிட்டனியோ என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்காத அப்பாவின் முதுகைப் பார்த்து மனதுக்குள் சொன்னாள், ஒரு பருவம் போதும், நான்கு ஆட்டம் ஜெயிப்போம், ஐந்துகூட ஜெயிப்போம்...

பிறகு ஆ லான் ஆன்ட்டி பந்தைப் பிடித்தாள், நிதானமாக நின்றாள், எறிந்தாள், கூடைக்குள் விழுந்தது. அடுத்தமுறையும் அதே இடம், அதே நிதானம், விழுந்தது. என்ன இது, யார் அவளைப் பிடிக்கிறது, துளசி முன்னால்தானே நிற்கிறாள், கை இரண்டையும் உயர்த்தி அழகாக நிற்கிறாள், ஆனால்... மூன்றடி தள்ளி நிற்கிறாள். ஷாமினியைப் பார்த்தாள், அவளும் மூன்றடி. எல்லாரும் மூன்றடி. வலைப்பந்து விதி, எறிகிறவளை நெருங்கக் கூடாது, நெருங்கினால் விசில், ஏழெட்டு வருடம் விசில் ஊதி ஊதி அந்த மூன்றடியை இவர்களின் காலுக்குள் ஏற்றிவிட்டிருக்கிறார்கள், இதைக் கௌரி எப்படிப் பார்க்காமல் விட்டாள், மூன்று வாரமும் பந்து போகிற வழியைப் பார்த்தாளே தவிர, பந்து எதிராளியிடம் இருக்கும்போது இவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாளா? "கிட்ட போ துளசி! கிட்ட!" துளசி போனாள், ஆ லான் ஆன்ட்டி கையைத் தூக்கினதும் கால் தானாகப் பின்னால் வந்தது, பந்து விழுந்தது. "போறேன்கா, காலு கேக்க மாட்டேங்குதுகா!" ஆ லான் ஆன்ட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அமோய், தாக்குட் கா? ஆன்ட்டி மண்டி சுடாலா!" பெண்ணே, ஆன்ட்டி குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், எதற்குப் பயம் என்கிறாள், தள்ளுவண்டிக் குழந்தைகூடச் சிரித்த மாதிரி இருந்தது, ஷாமினியும் சேர்ந்து சிரித்தாள், இவளுக்கு எல்லாமே சிரிப்பு.

சரி, இதுவும் சரியாகும், எதுதான் சரியாகாது, கௌரி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். பள்ளியில் வலைப்பந்து ஆடாத ஒரே ஒருத்தி, பக்கத்து வீட்டுச் சீனப் பையன்களோடு சந்தில் இடித்துத் தள்ளி ஆடி வளர்ந்தவள். இது தற்காலிகம், துளைக்கு விரலை வைத்து அடைக்கிற மாதிரி, அவ்வளவுதான். "பிரதீபா, இறங்கு." பிரதீபா இறங்கினாள், ஆ லான் ஆன்ட்டியின் மேல் போய் ஒட்டினாள், சட்டைக்குச் சட்டை, ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பினால் இவளும் திரும்பினாள், எறிய இடமில்லை, ஆன்ட்டி கான்டனீஸில் ஏதோ திட்டினாள், பாராட்டு மாதிரித்தான் கேட்டது. பந்து பிரதீபாவிடம் வந்தது, இதோ, இப்போது தட்டிக்கொண்டு ஓடப் போகிறாள் பார்... ஓடவில்லை. முன்னால் வழி திறந்து கிடந்தது, தெரு மாதிரி, ஒரு தட்டுத் தட்டினால் கூடை, அவள் பிடித்த இடத்தில் நின்று துளசிக்குக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு ஒரு கணம் கௌரியைப் பார்த்தாள். மறுமுறையும் அப்படியே. ஓடுடி, அங்கே ஓடத்தான் வேண்டும் என்று கத்த வாய் வந்தது, எந்த வாயால் கத்துவது, பந்தைத் தட்டுகிறவள் எனக்கு வேண்டாம் என்று மூன்று வாரமாகச் சொன்ன அதே வாயால்? அப்புறம் பிரதீபா துளசியின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள், நூடுல்ஸ்காரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள், "இங்க நில், கால் பின்னால வந்தா என்னில இடிப்பாய், இடி, பரவாயில்லை." துளசியின் கால் பின்னால் வந்தது, பிரதீபாவின் மேல் இடித்தது, முன்னால் போனது. பிரதீபா ஒதுங்கி வேறொருத்தியின் சட்டையைப் பிடிக்கப் போனாள். துளசியின் கை நூடுல்ஸ்காரி எறிந்த பந்தில் பட்டது. அவளால் நம்ப முடியவில்லை. "சாரி ஆன்ட்டி," என்றாள். "சாரி என்ன சாரி, ஓடுடி!" என்று கத்தியது ஷாமினியா, தானா, கௌரிக்கே தெரியவில்லை.

அம்மாக்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தபோது ஆ லான் ஆன்ட்டி பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்டம் முடிந்தது என்றாள், சந்தையில் நல்ல மீன் போய்விடுமாம். கெட்டிக்காரி. போகட்டும், ஒரு புள்ளிதானே, போன பருவத்தில் இவர்களிடம் வாங்கியதற்கு இது கணக்கே இல்லை. கௌரிக்கு எட்டும் இப்போது வேறு மாதிரி வரிசையாக நின்றது, பிரதீபா இருக்கிறாள், துளசி இருக்கிறாள், போவது ஷாமினி, ஆமாம் ஷாமினிதான், எல்லாரையும் கூட்டி வந்தவள், எல்லாரையும் சிரிக்க வைக்கிறவள், ஓடினால் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்குகிறவள், இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், அழுவாள், அழட்டும், துளசி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாம் நாள் பேசுவாள். பிரதீபாவுக்கு ஓட எங்கே அனுமதி, நிற்க எங்கே கட்டாயம் என்று பிரித்துக் கொடுத்தால் போதும், எல்லாம் கைக்குள் இருக்கிறது, தூக்கம்கூட மெதுவாக வருகிறது, நல்ல தூக்கம்... பிரதீபா எங்கே?

பெஞ்சின் கடைசியில் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இன்னும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆன்ட்டி கொடுத்த ஆரஞ்சை உரித்துக்கொண்டு நிற்கிறார்கள், இவள் ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்து, வியர்வைத் துண்டை மடித்து, பயிற்சிச் சட்டையைக்கூட மாற்றிவிட்டாள், குழுவின் சட்டை பெஞ்சின் மேல் நான்காக மடிந்து இருந்தது. கௌரி பக்கத்தில் போய் நின்றாள். "நீங்கள் சொல்ல வேண்டாம் அக்கா," பிரதீபா நிமிரவில்லை, "நானே போறன்." "யார் உன்னைப் போகச் சொன்னது?" "ஒருத்தரும் சொல்லயில்லை." ஜிப்பை இழுத்தாள், துண்டின் நுனி மாட்டிக்கொண்டது, விடாமல் இழுத்தாள். "தெரியும்தானே அக்கா."

பைத்தியக்காரி, என்ன தெரியும் இவளுக்கு, நீ இருக்கிறாய் என்று சொல்லி முடிக்க வேண்டியதுதான், ஒரு வரி, அதற்குப் போய்க் கௌரி அந்த மாட்டிக்கொண்ட ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கசிகிற கையுறையைக்கூட ஒரு கை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும், அது தானாக நடந்துபோய் விழுவதில்லை. அன்றைக்குக் கௌரியின் பை நீலப் பை, கல்லூரி மூன்றாம் மாடி, அலமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினாள், இரண்டு பரீட்சைத் தாளில் தோற்றாகிவிட்டது, எப்படியும் வெளியே அனுப்பத்தான் போகிறார்கள், அனுப்புவதற்குள் போய்விடலாம் என்று. அனுப்பினார்களா? கூப்பிட்டார்கள், கல்லூரி ஆஃபீசிலிருந்து மலாய்க்காரப் பெண் ஒருத்தி, கௌரி, மத்தியானம் ஒரு தடவை ஆஃபீசுக்கு வாருங்களேன் என்று. இவள் போகவில்லை. என்ன சொல்லக் கூப்பிட்டாள்? போ என்று சொல்லத்தான். வேறு எதற்கு... வேறு எதற்குக் கூப்பிட்டிருக்க முடியும்? பாக்கெட்டில் கைப்பேசி அதிர்ந்தது, என்சிக் ரோஸ்லிதான், பெயர்களுக்காக, அதிரட்டும். கௌரி குனிந்து, பிரதீபாவின் கையை விலக்கிவிட்டு, ஜிப்பில் சிக்கிய துண்டை மெல்ல விடுவிக்கத் தொடங்கினாள், அன்றைக்குத் தன்னைக் கூப்பிட்ட அந்தப் பெண்ணின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தாள், சிரித்த முகமாக இருந்ததா, இல்லையா, எத்தனை யோசித்தும் அது மட்டும் வரவில்லை.