ஈறு நிற ஓநாயின் வயது

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஜன்னல் திறந்திருந்ததா, யார் முதலில் சிரித்தது, நான் டீ கொண்டுபோனது முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் இடம் மாறிவிடுகிறது. ஓநாயின் வயது தொண்ணூற்று நாலரை என்பது மட்டும் மாறவில்லை.

ஓநாய் என்றால் காட்டு ஓநாய் இல்லை. பௌர்ணமி வந்தால் ஓநாயாக மாறுகிற மனிதன். அவனும் நிஜமில்லை. மருந்துக்கடை மாடியறையில், ஞாயிறுதோறும் மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு கதை விளையாட்டில் அவன் ஒரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். வீசிய வாள் படுமா படாதா என்பதைப் பகடை சொல்லும். எது செல்லும் எது செல்லாது என்பதற்கு முந்நூறு பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம் இருந்தது.

கதையை நடத்தியவள் மருந்துக்கடை அக்கா. திருடன் பாத்திரத்தை ஆடியவர் லிஃப்ட் மெக்கானிக். ஓநாய்மனிதனை ஆடியவர் பல்செட் செய்பவர்.

பல்செட்காரர் வாரத்தில் ஆறு நாள், பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளோடு தன் பட்டறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்தாரே தவிர, தன் வாயைத் திறப்பது அபூர்வம். "இவரோட பேசறதுக்குச் சுவரோட பேசலாம், அதுவாச்சும் எதிரொலிக்கும்" என்பாள் அவர் மனைவி. அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்தால் தலையைப் பின்னால் சாய்த்து ஊளையிடுவார். கீழே இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பதினோரு வருஷமாக அது நடந்துவந்தது.

ஓநாய்க்கு ஒரு சுண்டுவிரல் உயரப் பொம்மையும் செய்திருந்தார். பல்செட் அடித்தளத்துக்கு வார்க்கும் பசையில் மிஞ்சியதில் செய்தது, அதனால் அது ஈறு நிறத்தில் இருந்தது. "நம்ம ஓநாய்க்கு வெக்கம் ஜாஸ்தி. பாருங்க, உடம்பு பூரா செவந்து கெடக்கு" என்று மெக்கானிக் சொல்லாத வாரமில்லை.

மருந்துப் பெட்டிகள் அடுக்கியது போக அந்த அறையில் மூன்று நாற்காலிக்குத்தான் இடம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யாருடைய பாத்திரம் செத்துப்போகிறதோ அவர் எழுந்துவிட வேண்டும். காத்திருப்பவர் உட்காருவார். காத்திருப்பவர் வாசலோர ஸ்டூலில் இருந்து வேடிக்கை பார்க்கலாம், ஆட்டத்தில் வாயைத் திறக்கக்கூடாது. ஆறு வருஷமாக அந்த ஸ்டூலில் இருந்தவன் பல்செட்காரரின் மைத்துனன், மனைவியின் தம்பி. தொழில் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட். மூன்று மணி நேரம் பேசாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவன் கால் ஆடுவதிலேயே தெரியும்.

அன்றைக்கு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவன் விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அத்தான், உங்க ஓநாய்க்கு இப்போ என்ன வயசு?"

"நாப்பத்தி மூணு."

"யாரு சொன்னா?"

"நோட்டு."

நோட்டு மெக்கானிக்குடையது. இருபத்து மூன்று வயதில் ஓநாய் கதைக்குள் வந்தான், கதையில் இருபது வருஷம் ஓடியிருக்கிறது. கணக்கு சரிதான்.

"அக்கா, நூத்தி நாப்பத்தோராம் பக்கம், அடியில பாருங்க" என்று மைத்துனன் புத்தகத்தை நீட்டினான்.

மருந்துக்கடை அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தாள். சந்திர பலத்தால் ஒரு காயத்தை ஆற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஓநாய்மனிதனுக்கு ஒரு மாதம் வயது கூடும். தொண்ணூறு நிறையும் நாளில் அவன் ஆயுள் முடியும்.

"பதினோரு வருஷமா இந்தப் புத்தகத்தக் கட்டி மேய்க்கிறேன். இது என் கண்ணுல படவேயில்லையே!"

"சின்ன எழுத்துக்கா. எங்க பொழப்பே அதுலதான் ஓடுது."

பல்செட்காரர் தன் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டார். இந்த நாற்காலி போனால், ஊளையிட அவருக்கு உலகத்தில் வேறு இடமில்லை. பட்டறையில் ஊளையிட்டால் டாக்டர்கள் வேலை தரமாட்டார்கள். வீட்டில் ஊளையிட்டால் மனைவி அவரையே டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

மெக்கானிக் நோட்டைத் திறந்தார். லிஃப்ட் பராமரிப்புக்கு எழுதுகிற அதே முறையில் ஒவ்வொரு சண்டையையும் எழுதியிருந்தார். பழுது: இடது தோளில் அம்பு. சரிசெய்த விதம்: தானே ஆறியது. பழுது: வால் நசுங்கல். சரிசெய்த விதம்: தானே ஆறியது. 'தானே ஆறியது' எத்தனை என்று எண்ண ஒரு மணி நேரம் பிடித்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு.

"அம்பத்தோரு வருஷம்" என்றான் மைத்துனன். "நாப்பத்தி மூணோட சேத்தா தொண்ணூத்தி நாலு."

"காலாவதி ஆகி நாலு வருஷம் தாண்டிடுச்சு" என்றாள் அக்கா. "என் கடையில இப்படி ஒரு பாட்டில் இருந்தா சீல் வச்சுட்டுப் போயிடுவாங்க."

மெக்கானிக் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அண்ணே, தாத்தாவையா கூட்டிக்கிட்டுத் திரிஞ்சோம்? போன வாரம்கூட மதில் ஏறிக் குதிச்சாரே!"

"சிரிங்கண்ணே" என்றான் மைத்துனன், நோட்டில் விரலை ஓட்டியபடி. "தொண்ணூறு முடிஞ்சது இந்தப் பக்கத்துல. எட்டு மாசத்துக்கு முன்னாடி. அடுத்த வாரம் என்ன நடந்துச்சு? வெள்ளத்துல உங்க திருடனை முதுகுல சொமந்து ஆத்தைக் கடந்தது யாரு?"

"ஓநாய்தான்."

"பொணம்ணே. பொணம் நீந்துமா?"

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ நான்?"

"நீங்களும் ஆத்தோட போயிட்டீங்க."

"யோவ், உங்க குடும்பச் சண்டையில என்னை ஏன்யா இழுக்கற?"

மைத்துனன் அதைக் காதில் வாங்காமல், மேசையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஈறு நிறப் பொம்மையைத் தூக்கினான். தூக்கியவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"அத்தான், இதோட கோரைப்பல் எங்க?"

ஆரம்பத்தில் அந்தப் பற்கள் உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். இப்போது ஒரு கடுகளவுகூட வெளியே தெரியவில்லை. அக்கா வாங்கி, கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். உடையவில்லை. அரத்தால் தேய்த்து, மெருகேற்றி, ஓரம்கூட மழுங்கவைத்திருந்தது.

"வயசானா தேயும்" என்றார் பல்செட்காரர்.

கீழே யாரோ மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"எந்த வயசுக்கு?" என்று மெல்லக் கேட்டாள் அக்கா. "நாப்பத்தி மூணுக்கா?"

பல்செட்காரர் விதிப்புத்தகத்தின் ஒட்டுப்போட்ட முதுகைத் தொட்டுக் காட்டினார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி அட்டை பிஞ்சுபோச்சுன்னு புத்தகத்த ஒட்டிட்டு வரச் சொல்லி எங்கிட்டக் குடுத்தீங்க" என்றார். "அப்போ படிச்சேன்."

"எதை?"

"சின்ன எழுத்தை."

மைத்துனன் துள்ளி எழுந்தான். ஸ்டூல் கவிழ்ந்தது. "தெரிஞ்சே மறைச்சிருக்காரு! அக்கா, கேட்டீங்களா? நோயைத் தெரிஞ்சே மறைச்ச கேஸ் இது! இந்த ஆறு வருஷமும் ஒவ்வொரு வாரமும் 'ஓநாய் எப்படி இருக்கான் அத்தான்'னு நான் கேப்பேன், 'நல்லாயிருக்கான், நல்லாயிருக்கான்'னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயி அரத்த எடுத்துத் தேச்சிருக்காரு இந்த மனுஷன்!"

உண்மை அதுதான். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். மனிதர்களிடம் மறைக்க முடிந்தது. ஆனால் கிழவன் வாயில் இளவட்டத்தின் பல்லை வைக்க அவர் கை ஒப்பவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு வேலையை அவர் வெளியே அனுப்பியதில்லை. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு, ஓநாயின் பல்லைக் கொஞ்சம் தேய்த்தார். வாயால் சொல்லாததைக் கை சொல்லிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் யாருமில்லை.

"அறுநூத்திப் பன்னண்டு இல்ல" என்றார், மெக்கானிக்கைக் காட்டி. "அறுநூத்திப் பதினெட்டு. இவருக்குக் காய்ச்சல் வந்த ரெண்டு ஞாயிறு நோட்டுல ஏறல. தொண்ணூத்தி நாலரை."

"உங்களை யாருண்ணே கேட்டா?" என்று அலறினார் மெக்கானிக்.

அக்கா புத்தகத்தை மூடினாள். "சரி, எப்போ செத்தான்னு நான்தான் சொல்லணும். எட்டு மாசத்துக்கு முன்னாடின்னா திருடனும் காலி. ரெண்டு நாற்காலி காலியாகும், காத்திருக்கறது இவன் ஒருத்தன்." அவள் மைத்துனனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் நானும் மட்டும் ஆடணும், தம்பி. வாராவாரம் மூணு மணி நேரம் உன் பேச்ச நான் ஒருத்தியா கேக்கணும். என் கடையில அதுக்கு மருந்தில்ல."

மைத்துனனுக்கும் அந்தக் காட்சி அவ்வளவு சந்தோஷமாகப் படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எங்க ஆபீஸ்ல, டெத் சர்ட்டிபிகேட் வர்ற வரைக்கும் ஆளு உயிரோடதான்."

"அடடா! என்ன நியாயமான ஆபீஸ்!" என்றார் மெக்கானிக். "நாளைக்கே ஒரு பாலிசி போடறேன் மாப்ள."

"சர்ட்டிபிகேட் யாரு கொண்டுவரணும்?" என்றாள் அக்கா.

"நெருங்கின சொந்தம்."

மூன்று பேரும் பல்செட்காரரைப் பார்த்தார்கள். அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்க பாருங்க. நடத்தறவ நான்தான். ஓநாய்க்கு ஆயுசு எரநூறுன்னு நான் சொல்லிட்டா எரநூறுதான். இந்தப் பையன் ஆறு வருஷம் இருந்தவன், இன்னும் ஆறு வருஷம் இருப்பான். என்ன சொல்றீங்க?"

மைத்துனன் வாயைத் திறந்தான். ஸ்டூலின் விதி நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

பல்செட்காரர் பொம்மையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். 'சரி' என்று ஒரு வார்த்தை போதும். அடுத்த ஞாயிறும் இதே நாற்காலி, இதே ஊளை. தேய்ந்த பல்லின் மீது கட்டைவிரல் போய்ப் போய் வந்தது.

"வேணாம்" என்றார். "எரநூறு வயசுக்காரனுக்கு நான் இந்தப் பல்லு வைக்கல. இன்னிக்குத் தேதியில எழுதிக்கங்க."

மெக்கானிக் நோட்டை எடுத்தார். கொஞ்சம் யோசித்து எழுதினார். பழுது: வயது. சரிசெய்த விதம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

"ஒரு தடவை" என்றார் பல்செட்காரர். அக்கா தலையாட்டினாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். ஊளை வழக்கத்தைவிட நீளமாகப் போயிற்று, நடுவில் ஒரு இடத்தில் இருமலும் வந்தது. கீழேயிருந்து ஒரு குரல், "மேல யாருக்காவது ஊசி போடறாங்களா?" என்று கேட்டது.

பிறகு எழுந்து, கவிழ்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி, வாசலோரம் போட்டு உட்கார்ந்தார். மைத்துனன் நாற்காலியில் பாதி உட்கார்ந்து, பாதி நின்றான்.

"அத்தான், கோவமில்லையே?"

"உக்காரு மாப்ள. ஸ்டூல்ல இருக்கறவன் பேசக்கூடாது."

மைத்துனன் மூலிகை வியாபாரி ஒருவனை உண்டாக்கினான். எந்தச் சண்டைக்கும் போகாமல், எந்த மரத்திலும் ஏறாமல், வழியில் சந்தித்தவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு அந்த வியாபாரி ஏழு மாதம் இருந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தபோது பகடை கைவிட்டது, உள்ளே விழுந்து செத்தான். அந்த ஏழு மாதமும் பல்செட்காரர் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஸ்டூலில் இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நாற்காலியில் அவர்தான். அறுபது வயது ஆயுள் உள்ள ஒரு படகுக்காரியை ஆடுகிறார், ஊளையிடுவதில்லை, சில சமயம் கரையிலிருப்பவர்களைக் கூப்பிடுகிறார், அது கடைவரை கேட்கிறது. மைத்துனன் ஸ்டூலில் இருக்கிறான். மெக்கானிக்கின் திருடன் உயிரோடிருக்கிறான், ஒரு காது மட்டும் போயிற்று. மெக்கானிக் பாலிசி எதுவும் போடவில்லை. மருந்துக்கடை அக்கா புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள், எண்பதாம் பக்கம் வந்திருக்கிறாள்.