ஏழும் பன்னிரண்டும்

பழியைத் தூக்கி ஒருத்தியின் தலையில் போட்டவளே, ஓடி ஓடித் துப்பறிந்து அந்தப் பழியை இறக்கவும் வேண்டும் என்றால் அது எவ்வளவு பெரிய தலைவலி! அண்ணிக்கு வாய்த்தது அந்தத் தலைவலிதான்.

அண்ணி என்றால் ஊருக்கே அண்ணி இல்லை, ஒரு அலுவலகத்துக்கு மட்டும். சாலையில் நின்றுபோன வண்டிகளுக்கு மெக்கானிக்கையும் இழுவை வண்டியையும் அனுப்புகிற அலுவலகம் அது. மாடியில் அவள் புரோகிராம் எழுதுபவள். கீழே கூடத்தில் போன் எடுப்பவர்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. அவள் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அலுவலகம் முழுமைக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். நாத்தனாருக்கும் பட்டப்பெயர் உண்டு. பட்டாசு. பேச்சும் அப்படி, கையும் அப்படி. மற்றவர்கள் ஒரு அழைப்பை முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள் இவள் மூன்று வண்டியை அனுப்பிவிடுவாள்.

அழைப்புகளை வாங்கி, பக்கத்தில் இருக்கும் வண்டியைத் தேடி, சுவரிலுள்ள பெரிய வரைபடத்தில் காட்டுகிற புரோகிராம் அண்ணி எழுதியது. ஐந்து வருஷமாக ஒழுங்காகத்தான் ஓடியது. இரண்டு மாதமாக அதற்கு என்ன கேடு வந்ததோ, திடீர் திடீரென்று நின்றது. பிழை என்று ஒரு வரி சொல்லாது. அப்படியே உறைந்துபோகும். "எங்க வண்டி நின்னுபோச்சுன்னு கூப்பிட்டா, உங்க கம்ப்யூட்டர் நின்னுபோச்சுங்கறீங்களே, உங்களை இழுக்க யாரு வருவாங்க?" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதற்குக் கூடத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

நின்றால் உடனே அணைத்துவிட்டு மறுபடி ஓட்டு என்பது கூடத்துச் சட்டம். அரை நிமிஷத்தில் வேலை தொடங்கிவிடும். நல்ல சட்டம்தான். ஆனால் ஏன் நின்றது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். திருடன் வந்துபோன வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுக் காலடித் தடத்தைத் தேடுகிற கதைதான்.

முதல் தடவை நின்றபோது அண்ணிக்கு வேறு நூறு வேலை. அவசர அவசரமாக அறிக்கையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'பயன்படுத்தியவர் விசைகளைத் தவறாக அழுத்தியிருக்கலாம்.' யார் அழுத்தினார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எட்டுத் தடவை நின்றது. ஒன்பது தடவையும் பட்டாசின் மேசையில்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியின் முன்னால் ஒரு காகிதம் வந்து விழுந்தது.

"இது யாரு கையெழுத்து, அண்ணி?"

அண்ணி எட்டிப் பார்த்தாள். அவசரத்தில் அவள் எழுதிய அதே ஒரு வரி அறிக்கை.

"வெள்ளிக்கிழமை விசாரணையாம்," என்றாள் பட்டாசு. "ஆறு வருஷம் தற்காலிகமா இருந்து, இந்த வாரம்தான் நிரந்தரம் ஆகணும். இப்ப இந்த ஒரு வரியை வெச்சு என்னை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. முப்பத்தெட்டு வயசுல எனக்குன்னு இருக்கறது அந்த மேசை ஒண்ணுதான், தெரியுமில்ல?"

"நீதான்னு எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதவங்களை மட்டும் மாட்டிவிடலாமா?"

அண்ணி குனிந்து மிச்சக் காயை நறுக்கினாள்.

"எழுதினவ நீ. கண்டுபிடிக்க வேண்டியவளும் நீ," என்று சொல்லிவிட்டு, நறுக்கின காயில் பாதியை எடுத்துத் தின்றுகொண்டே போனாள் பட்டாசு. கோபத்திலும் அவளுக்குப் பசி போகாது.

செவ்வாய்க்கிழமை அண்ணி வேட்டையில் இறங்கினாள். அந்தப் புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பதினெட்டு வேலைகள் தனித்தனியாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் த்ரெட் என்று பெயர். இரண்டு த்ரெட் ஒரே பட்டியலில் ஒரே நொடியில் கைவைத்துக் குழப்பிவிடக் கூடாதே! அதற்காக ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு பூட்டு. கைவைக்கிறவன் பூட்டிக்கொள்ள வேண்டும், முடித்ததும் திறந்துவிட வேண்டும். அதுவரை அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டும். எங்கேயோ யாரோ திறக்காமல் நிற்கிறான். யார்?

ஒவ்வொரு த்ரெட்டும் போகிற வழியில் 'இங்கே வந்தேன்' என்று எழுதிவைக்கும்படி நூறு வரி சேர்த்தாள். அன்று முழுக்கப் புரோகிராம் நிற்கவே இல்லை! எழுதிவைக்கிற நேரத்தில் த்ரெட்டுகள் கொஞ்சம் தாமதித்துப் போயின, மோதவில்லை. வாத்தியார் வாசலில் நின்றால் வகுப்பு அமைதியாக இருக்குமே, அப்படி.

"அதான் சரியாயிடுச்சே, அப்படியே விட்டுடுங்களேன்," என்றார் மேனேஜர்.

"சார், அது சரியாகல. ஒளிஞ்சிருக்கு," என்றாள் அண்ணி. சாயங்காலத்துக்குள் அந்த எழுத்தெல்லாம் சேர்ந்து கம்ப்யூட்டரின் வட்டு நிரம்பி வழிந்தது. நூறு வரியையும் நீக்க வேண்டியதாயிற்று.

பாக்கி இருந்தது ஒரே வழி. டீபக்கர் என்கிற பிழைதேடும் கருவி. கறுப்புத் திரை, வெறும் எழுத்து, மௌஸுக்கு அங்கே வேலையே இல்லை. உறைந்து நிற்கிற புரோகிராமோடு அதை ஒட்டவிட்டால், ஒவ்வொரு த்ரெட்டையும் 'எங்கேடா நிற்கிறாய், எந்த வழியாக வந்தாய்' என்று கேட்கலாம். ஆனால் கேட்டு முடிக்கும்வரை புரோகிராமை யாரும் அணைக்கக் கூடாது. மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி நான்கு நிமிஷம் வாங்கினாள். அந்த நான்கு நிமிஷமும் கூடம் காகிதத்தில் ஓட வேண்டும் என்று பேச்சு.

புதன்கிழமை பதினோரு மணிக்கு நின்றது. "நின்னுடுச்சு! யாரும் தொடாதீங்க!" என்று பட்டாசு கத்திய கத்தலில் மாடியே அதிர்ந்தது. அண்ணி டீபக்கரை ஒட்டினாள். எல்லா த்ரெட்டின் தடத்தையும் காட்டு என்று கட்டளை கொடுத்தாள். திரை முழுக்க வந்து கொட்டியது கேள்விக்குறி. வரிக்கு வரி கேள்விக்குறி!

அடப்பாவி! கூடத்துக்கு அனுப்பும்போது புரோகிராமின் உடம்பு இளைக்கட்டும் என்று உள்ளேயிருக்கும் பெயர்களையெல்லாம் உரித்துவிட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம். பெயர்ப்பலகை இல்லாத தெருவில் டீபக்கர் மட்டும் யாரை அடையாளம் காட்டும்? ஐந்து வருஷமாக அந்த உரிப்பு வேலையைத் தன் கையாலேயே செய்துவந்த அண்ணிக்கு அது அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை. நான்கு நிமிஷமும் பாழ்.

"நாலு நிமிஷம் கை ஒடிய எழுதினேன். உனக்குக் கிடைச்சது கேள்விக்குறியா?" என்றாள் பட்டாசு.

"நாளைக்குப் பேரோட ஓடும்," என்றாள் அண்ணி. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை பெயர்களோடு ஓடியது. ஆனால் நிற்கத்தான் இல்லை. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. வேண்டாதபோதெல்லாம் நின்று உயிரை எடுத்த சனியன், வேண்டும்போது குதிரை மாதிரி ஓடியது. அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழே இறங்கிப்போய்ப் பட்டாசின் பின்னால் நின்றாள்.

பார்த்தால் பட்டாசு ஒவ்வொரு விசையாக, தொட்டால் சுடும் என்பதுபோல அழுத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு அழைப்பை முடிக்கிறாள். மூச்சு விடுகிறாள். அடுத்ததை எடுக்கிறாள்.

"என்னடி இது, நத்தை மாதிரி?"

"நாளைக்கு விசாரணை. இன்னிக்கும் நின்னா என் கதை முடிஞ்சுது. அதான் பார்த்துப் பார்த்து அடிக்கிறேன்."

அண்ணிக்குப் பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. "நீ எப்பவும் எப்படி அடிப்பே?"

"இடது கையால பழசை முடிக்கும்போதே வலது கையால புதுசுக்கு வண்டியை அனுப்பிடுவேன். ஏன்?"

இரண்டும் ஒரே நொடியில்! இந்தக் கூடத்தில் வேறு யாரும், தலைகீழாக நின்றாலும், அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு மேசைக்கும் அழைப்புக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று தனித்தனிப் பட்டியல். ஒரே மேசையிலிருந்து இரண்டு வேலை ஒரே நேரத்தில் கிளம்பினால்தான் இரண்டு த்ரெட் ஒரே பூட்டுக்குப் போட்டி போடும். பத்துத் தடவையும் இவள் மேசையில் நின்றதற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது.

"உன் வேகத்துல அடி," என்றாள் அண்ணி.

"நின்னுபோகும்."

"நிக்கணும். நின்னாத்தான் பிடிக்க முடியும்."

"பதினோராவது தடவையும் நின்னா யார் தலையில விழும்? நேத்து மாதிரி மறுபடியும் கேள்விக்குறி வந்தா?"

நியாயமான கேள்வி. எந்தக் குற்றத்துக்காக நாளைக்கு விசாரணையோ, அதே குற்றத்தை இன்றைக்கே இன்னொரு தரம் செய் என்று சொன்னால் யார் செய்வார்கள்? அதுவும் மாட்டிவிட்டவளே வந்து சொன்னால்? அண்ணி அவள் நாற்காலியோரம் குனிந்தாள். "உன்னை மாட்டிவிட்டது நான்தான். தப்புதான். இந்த ஒரு தடவை என்னை நம்புடி."

பட்டாசு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர்களிடம் திரும்பி, "எல்லாரும் பேப்பரும் பேனாவும் எடுத்து வெச்சுக்குங்க," என்றாள். பிறகு இரண்டு கைகளையும் விசைப்பலகையில் வைத்தாள். அடேயப்பா, அதை வேகம் என்று சொன்னால் போதாது. விரல் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. அண்ணி அடித்துப் பிடித்து மாடிக்கு ஓடினாள்.

பதினோராவது நிமிஷம் நின்றது.

ஒட்டினாள். கட்டளை கொடுத்தாள். பதினெட்டு த்ரெட்டும் பெயரோடு, வந்த வழியோடு, வரி எண்ணோடு வந்து நின்றன. கீழேயிருந்து பட்டாசின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "மூணாம் மேசை, பாலத்துக்கிட்ட நீல வண்டி! ஒண்ணாம் மேசை, உன் ஆளு டயர் மாத்தி முடிச்சுட்டான், அடுத்ததுக்கு அனுப்பு!" பெரிய வரைபடம் செத்துக் கிடக்க, கூடம் முழுவதையும் அவள் வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பதினாறு த்ரெட் அப்பாவிகள். சில சும்மா கிடந்தன. மற்றவை வரைபடம் அசையாததால் வரிசையில் மாட்டிக்கொண்டவை. ஏழும் பன்னிரண்டும்தான் வேறு மாதிரி. ஏழாவது த்ரெட் அழைப்பை முடிக்க வந்தது. அது வண்டிப் பட்டியலின் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பூட்டு யார் கையில் என்று கேட்டாள். ஒரு எண் வந்தது. பன்னிரண்டாவது த்ரெட்டின் எண். சரி, பன்னிரண்டு எதற்காக நிற்கிறது? அழைப்புப் பட்டியலின் பூட்டுக்காக. அது யார் கையில்?

அவசரத்தில் அண்ணி இரண்டு தரம் தப்பாக அடித்து, மூன்றாவது தரம் சரியாக அடித்தாள். ஏழு.

"மாட்டினீங்களாடா!" என்று அவள் போட்ட கூச்சலில் மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்தார். ஒருவன் பூட்டு மற்றவன் கையில். நீ விடு நான் விடுகிறேன் என்று இரண்டு பேரும் யுகமுடிவு வரைக்கும் நிற்பார்கள். மூன்று நிமிஷம் இருபது நொடியில் இரண்டு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள்!

"அணைச்சுப் போடுங்க!" என்று கீழே கத்திவிட்டு, அந்த வரி எண்ணைத் திறந்து பார்த்தாள். ஒரு இடத்தில் முதலில் அழைப்பு, பிறகு வண்டி என்று பூட்டியிருந்தது. இன்னொரு இடத்தில் முதலில் வண்டி, பிறகு அழைப்பு. எழுதியவர் யார் என்று பார்த்தால், அவளேதான். இரண்டு மாதத்துக்கு முன் 'சின்னத் திருத்தம்' என்று குறிப்புப் போட்டு அவள் மாற்றிய இடம். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு வரியை எடுத்து நான்கு வரி மேலே நகர்த்தினாள். இனி எல்லாரும் முதலில் அழைப்பைத்தான் பூட்ட வேண்டும். தனிக் கணினியில் பட்டாசின் இரண்டு கை வேகத்தையே பொய்யாக உண்டாக்கி, இரண்டு லட்சம் தடவை ஓட்டினாள். பழைய புரோகிராம் எட்டே நொடியில் நின்றது. புதியது இரண்டு லட்சத்தையும் விழுங்கிவிட்டு, இன்னும் கொண்டா என்றது. அன்று ராத்திரியே அது கூடத்துக்கு இறங்கியது.

வெள்ளிக்கிழமை விசாரணை. பணியாளர் பிரிவு அதிகாரி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஒரு அம்மா, தாளைப் புரட்டினாள். மேனேஜர் அண்ணியின் காதோரம், "இயந்திரக் கோளாறுன்னு சொல்லிட்டு விட்டுடுங்க. யார் எழுதினதுன்னெல்லாம் எதுக்கு?" என்றார்.

அண்ணி எழுந்து நின்றாள். "இயந்திரம் ஒண்ணும் பண்ணலம்மா. தப்பான வரியை எழுதினது நான். அதைத் தேடாம பழியை இவங்க மேல எழுதினதும் நான். இவங்க வேலை செய்யற வேகத்துக்கு என் புரோகிராம் தாங்கல. மத்தவங்க வேகத்துல அந்தத் தப்பு வெளியவே வந்திருக்காது."

அந்த அம்மா பட்டாசைப் பார்த்தாள். "அப்படி என்ன வேகம்? நான் பார்க்கலாமா?"

பார்க்கலாமாவா! எல்லாரும் கூடத்துக்கு இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டதில் ஊரில் பாதி வண்டிகள் நடுத்தெருவில் நின்றிருந்தன. அழைப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. பட்டாசு உட்கார்ந்தாள். இடது கையில் ஒன்று முடிந்தது, வலது கையில் ஒன்று கிளம்பியது. வரைபடத்தில் வண்டிகள் பறந்தன. மற்ற மேசைக்காரர்கள் தங்கள் வேலையை மறந்து எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு தடவை இரண்டு கையும் சேர்ந்து இறங்கும்போதும் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு நிமிஷம். முப்பத்தொரு அழைப்பு. வரைபடம் ஒரு இமைப்பொழுதுகூட உறையவில்லை. மேனேஜர்தான் முதலில் கை தட்டினார், பிறகு கூடமே தட்டித் தீர்த்தது. அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடக்கவும் இல்லை.

அதிகாரி அம்மா பையிலிருந்து நிரந்தர ஆணையை எடுத்து, அந்த மேசை ஓரத்திலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

பட்டாசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்கேயே வெச்சுட்டுக் கொஞ்சம் நகருங்கம்மா, வரைபடம் மறைக்குது," என்றாள். "லைன்ல ரெண்டு பேர் மழையில நிக்கிறாங்க."