எட்டு வீட்டுக்கு ஒரே லைன்

எட்டு மணிக்கு ஜனாதிபதி பேசப் போகிறார் என்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. ராஜினாமாதான் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் நிக்சன் தன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டுமே! நெல்ஸ் ட்வெட்டன் ஓட்ஸ் அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து, முகம் கழுவி, ஏழே முக்காலுக்கெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ஹெல்கா, வந்து உக்காரு. சரித்திரம் நடக்கப் போகுது, நீ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்கே."

"சரித்திரம் சாப்பிட்ட தட்டையும் ஒருத்தி கழுவணுமில்ல?" என்றாள் ஹெல்கா சமையலறையிலிருந்து.

"ரெண்டு தடவை ஓட்டுப் போட்டேன் இந்த ஆளுக்கு. ரெண்டு தடவை!" நெல்ஸ் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அடுத்த கட்சி ஆபீசுல ஒட்டுக்கேக்க ஆள் அனுப்பின விவகாரத்துல, தன் ரூமிலேயே டேப் வச்சு, தானே மாட்டிக்கிட்டாரு பாரு. நம்ம ரோட்டுக் கிழவர் ஐனாரோட கழுதைகூட அப்படிச் செய்யாது."

ஹெல்கா தட்டை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஒட்டுக்கேட்பது பற்றி இந்த வீட்டில் யார் பேசினாலும் அவளுக்குக் காது சூடாகிவிடும். அதற்குக் காரணம் இருந்தது.

அந்தச் சாலையில் எட்டு வீடுகள். எட்டுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். யாருக்கு போன் வந்தாலும் எட்டு வீட்டிலும் மணி அடிக்கும். மணியின் கணக்கை வைத்துத்தான் யாருக்கு என்று தெரியும். ட்வெட்டன் வீட்டுக்கு ஒரு நீளம், மூன்று குட்டை. பக்கத்துப் பண்ணை லின்ட் வீட்டுக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. அடுத்தவருக்கு வந்த போனை எடுக்கக் கூடாது என்பது விதி. எல்லோரும் எடுப்பார்கள் என்பது நடைமுறை. ஆனால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் டாக்டரிடம் போனில் சொன்னால், ஒரு மணி நேரத்தில் பாஸ்டர் மனைவி ஓல்கா சூப்போடு வந்து நிற்பாள். "என்னமோ மனசுல தோணுச்சு" என்பாள். நீங்களும் "அடடா, கடவுள் செயல்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹெல்கா நான்கு வருடமாக ஒட்டுக்கேட்டாள். ஒரே ஒரு போனை மட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, கனடாவின் வின்னிபெக்கிலிருந்து டேல் லின்ட் தன் அம்மா பெர்னீஸுக்குப் பண்ணும் போன்.

அது தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. யாரையோ கூப்பிட ரிசீவரை எடுத்தாள். உள்ளே ஒரு பையன் "ஆமாம்" என்று சொன்னான். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னான். ஹெல்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நார்வேயிலிருந்து வந்த குடும்பங்களில் சிலர் அப்படித்தான் ஆமாம் சொல்வார்கள். நெல்ஸின் அப்பா சொல்வார். அவரிடமிருந்து கர்ட்டிஸுக்கு ஒட்டிக்கொண்டது. கர்ட்டிஸ் ஹெல்காவின் ஒரே பையன். அறுபத்தொன்பதாம் வருடம் மே மாதம் வியட்நாமில் இறந்துபோனான். இருபது வயது. சீருடை போட்ட இரண்டு பேர் வந்து சொன்னார்கள். அப்புறம் ஒரு பெட்டி வந்தது. அதைத் திறக்க வேண்டாம் என்றார்கள்.

டேலும் கர்ட்டிஸும் ஒன்றாக வளர்ந்தவர்கள். அடுத்த வருடம் டேலுக்கும் ராணுவத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒரு விடியற்காலையில் கனடா எல்லையைத் தாண்டிப் போய்விட்டான். திரும்பி வந்தால் கைது. அந்த வாரம் பெர்னீஸ் அழுது வீங்கிய முகத்தோடு ஹெல்காவின் வாசலுக்கு வந்தாள். இருபது வருடத் தோழி. ஹெல்கா கம்பிவலைக் கதவைத் திறக்காமலே சொன்னாள்: "உன் பையன் உயிரோட இருக்கான். என்கிட்ட எதுக்கு அழ வந்தே?"

பெர்னீஸ் திரும்பிப் போய்விட்டாள். அதன்பிறகு பேச்சு இல்லை. சர்ச்சில் அவள் இடதுபக்கம் உட்கார்ந்தால் இவள் வலதுபக்கம்.

ஆனால் ஞாயிறு நாலு மணிக்கு ஹெல்கா பாத்திரம் துடைக்கும் துணியைப் போனின் வாயில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். பெர்னீஸுக்குக் கேள்வி கேட்கவே தெரியாது என்று அவளுக்கு எரிச்சலாக வரும். "சாப்பிட்டியா?" "குளிருதா?" "வேலை பரவாயில்லையா?" எல்லாவற்றுக்கும் அந்தப் பையன் ஆமாம் சொல்வான், மூச்சை உள்ளிழுத்து. பத்து நிமிடத்தில் எட்டு ஆமாம், பத்து ஆமாம். ஹெல்காவுக்கு அடுத்த ஞாயிறு வரை அது போதும்.

இன்றைக்கு வியாழன். டிவியில் இன்னும் விளம்பரம் முடியவில்லை. அப்போது மணி அடித்தது.

இரண்டு நீளம். ஒரு குட்டை.

"லின்ட் வீட்டுக்கு," என்றார் நெல்ஸ் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த நேரத்துல எவன்டா போன் பண்றான்?"

ஹெல்காவுக்குத் தெரியும். வியாழக்கிழமை அவன் போன் பண்ணினால் ஏதோ ஆகிவிட்டது. அவன் மனைவிக்கு இது நிறைமாதம். கையில் சோப்பு நுரையோடு ரிசீவரை எடுத்தாள். துணி சுற்ற மறந்துவிட்டாள்.

"அம்மா!" டேலின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"யாரு? டேலா? சத்தமாப் பேசுப்பா!"

"அம்மா, குழந்தை..."

"என்ன? என்ன ஆச்சு?"

அந்த லைனுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவர் ரிசீவரை எடுத்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டு, மூன்று பேர் எடுத்தால் குரல் மெலியும். ஐந்தாறு பேர் எடுத்துவிட்டால் அவ்வளவுதான். ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கும். ஹெல்கா காதை அழுத்திக்கொண்டு கேட்டாள். பின்னால் ஒரு கனரி பறவை கத்தியது, அது ஓல்கா வீடு. யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள், அது கிழவர் ஐனார். ஒரு டிவி விளம்பரம் இரண்டு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டது. ஊரே டிவி முன்னால் இருக்கும் என்று நம்பித்தான் பாவம் அவன் போன் பண்ணியிருக்கிறான். ஊர் டிவியைப் போட்டுவிட்டு போனை எடுத்திருக்கிறது.

"குழந்தை பொறந்து..." பிறகு ஒன்றும் புரியவில்லை. "...ரொம்ப நேரம்... டாக்டர்... அம்மா, பூத்துலேர்ந்து பேசறேன், மூணு நிமிஷம்தான்..."

"பொறந்துடுச்சா? நல்லா இருக்கா? டேல், எனக்குக் கேக்கலைடா! அவ நல்லா இருக்காளா? ஐயோ, கேக்கலையே!"

பெர்னீஸ் அழ ஆரம்பித்துவிட்டாள். கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழுத அதே அழுகை.

ஹெல்கா ஒரு நொடி நின்றாள். வாயைத் திறந்தால் முடிந்தது. நான்கு வருடமாக யாருக்கும் தெரியாமல் திருடிய ஞாயிற்றுக்கிழமைகள் அம்பலமாகிவிடும். பெர்னீஸ் இனி அந்த லைனில் பையனைப் பேசவிட மாட்டாள். கடிதம் எழுதச் சொல்வாள். கடிதத்தில் மூச்சு கேட்காது.

கூடத்துக் கடிகாரம் எட்டு அடிக்க ஆரம்பித்தது.

"எல்லாரும் போனை வைங்க!" என்று கத்தினாள் ஹெல்கா.

லைன் செத்த மாதிரி ஆனது. இந்தச் சாலையில் இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

"என்ன முழிக்கிறீங்க? ஓல்கா, உன் பறவை கத்துறது கனடா வரைக்கும் கேக்குது. முதல்ல நீ வை! ஐனார், உங்களுக்கு ஆஸ்துமா, இன்னொருத்தர் வீட்டு போன்ல மூச்சு விடாதீங்க. மத்தவங்க பேரையும் சொல்லவா? அந்தப் பையனுக்குக் குழந்தை பொறந்திருக்கு. அவனைப் பெத்தவ கேக்கட்டும். வைங்க!"

டக். கனரி நின்றது. டக். டக். டிவி சத்தம் நின்றது. கடைசியாக ஐனார், "நான் இப்பத்தான் எடுத்தேன்" என்று முனகிவிட்டு வைத்தார்.

டேலின் குரல் கிணற்றிலிருந்து ஏறிப் பக்கத்தில் வந்து நின்றது.

"அது... ஹெல்கா ஆன்ட்டியா?"

ஹெல்கா சொல்ல வாயெடுத்தாள். ஆமாம்டா கண்ணு, நான்தான். ஆனால் இன்னும் அந்தக் குரல் முழுசாக இல்லை, கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது. மிச்சம் இருப்பது தன் ரிசீவர்தான். ஆணா பெண்ணா, தாய் எப்படி இருக்கிறாள், எதையும் கேட்காமல் அதை மெதுவாகக் கொக்கியில் மாட்டினாள். மாட்டிய பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.

கூடத்தில் நிக்சனின் பேச்சு ஆரம்பித்திருந்தது. நெல்ஸ் டிவியைப் பார்க்காமல் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்படி லைன்ல...?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி விடு. இன்னிக்கு ஒரே நாள்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டீங்க," என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டார்.

ஹெல்கா பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அறுத்த ஓட்ஸ் வாசனை. கால் மணி நேரம் இருக்கும். சாலையோரமாக ஒருத்தி நடந்து வந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. பெர்னீஸ்.

திட்டத்தான் வருகிறாள் என்று ஹெல்கா எழுந்து நின்றாள்.

"பொண்ணு," என்றாள் பெர்னீஸ், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஏழு பவுண்டு நாலு அவுன்ஸ். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஒரு நாள் முழுக்கப் பாடு பட்டிருக்கா, பாவம்."

"ஏழு பவுண்டா! நல்ல எடைதான்."

"கிளிஃபர்டும் அதையேதான் சொன்னாரு."

ஹெல்கா அவளை உற்றுப் பார்த்தாள். பெர்னீஸின் கணவர் கிளிஃபர்ட் பெரிய வைராக்கியக்காரர். ஓடிப்போனவன் பேரை என் எதிரில் எடுக்காதே என்றவர். "அவரு எப்போ சொன்னாரு?"

"மாட்டுக் கொட்டகையில ஒரு போன் மாட்டினார் இல்ல, போன வருஷம்? டாக்டரைக் கூப்பிட வசதின்னு. மாட்டு டாக்டரை! நாலு மணி ஆனா கறவை மிஷின் சத்தம் என் காதுல திமுதிமுன்னு அடிக்கும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு." பெர்னீஸ் படியில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு அறுவடையால கறவை லேட்டு. நீ வச்சப்புறமும் லைன் முழுசாத் தெளியலை. திடீர்னு மிஷின் நின்னுச்சு. 'என்ன எடை?'ன்னு ஒரு குரல். கன்னுக்குட்டிக்குக் கேக்கற மாதிரி! டேல் சொன்னான். 'நல்ல எடை'ன்னாரு. வச்சுட்டாரு. நாலு வருஷத்துல அவ்வளவுதான். அந்தப் பக்கம் என் புள்ள விக்கி விக்கி அழுதான்."

ஹெல்காவும் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவு இடம் இருந்தது.

"பெர்னீஸ், நான் நாலு வருஷமா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் கடிகாரம்டி! நாலு மணிக்கு என் காதுல நாலு அடி அடிக்கும். ஒரு நிமிஷம் பின்தங்கி வேற ஓடுது, அதை முதல்ல சரி பண்ணு." பெர்னீஸ் ஏப்ரனில் கண்ணைத் துடைத்தாள். "முதல்ல வயிறு எரிஞ்சுது. என்னைக் கதவுக்கு வெளியில நிக்க வச்சவ, என் புள்ள குரலை மட்டும் கேக்கறாளேன்னு. ஒருநாள் நல்லாக் கேட்டுப்புடணும்னு இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கடிகாரமே அடிக்கலை."

"பித்தப்பை ஆபரேஷன். நெல்ஸும் ஆஸ்பத்திரியில இருந்தாரு, சாவி குடுக்க ஆளில்லை."

"எனக்கு அன்னிக்குப் பேச்சே ஓடலை. அவ எங்க போனா, என்ன ஆனாளோன்னு." பெர்னீஸ் வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுக்கப்புறம்தான் கேள்வியை மாத்தினேன். ஆமாம்னு பதில் வர்ற மாதிரி மட்டும் கேப்பேன். அந்த மூச்சு எங்க வீட்டுல யாருக்கும் வராதே, ஹெல்கா. அது உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில அவன் கத்துக்கிட்டது."

"சாப்பிட்டியா, குளிருதான்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள் ஹெல்கா.

"எனக்கு வேற கேள்வி தெரியாதுன்னு நினைச்சியா?"

"நினைச்சேன்."

"கழுதை," என்றாள் பெர்னீஸ்.

உள்ளே டிவியில் அந்தக் குரல் எப்போதோ முடிந்து, வேறு யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நெல்ஸ் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார், வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்.

"அன்னிக்குக் கதவுகிட்ட நான் சொன்னது..."

"ஞாபகம் இருக்கு," என்றாள் பெர்னீஸ். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நடுவிலிருந்த இடத்தைக் கையால் தட்டி, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துடு. ஒரு ரிசீவர்லேயே ரெண்டு பேரும் காதை வச்சுக்கலாம். இன்னும் தெளிவாக் கேக்கும்."

"கிளிஃபர்ட் இருப்பாரே?"

"கொட்டகையில இருப்பாரு. இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஹெல்கா மூன்றரைக்கே கிளம்பினாள். அவள் வீட்டுக் கூடத்தில் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தி நாலு அடித்தபோது, நெல்ஸ் மட்டும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். லின்ட் வீட்டுச் சமையலறையில் இரண்டு தலைகள் ஒரு ரிசீவரில் முட்டிக்கொண்டு நின்றன.

"குழந்தை நல்லாத் தூங்குதாடா?" என்று ஹெல்காதான் முதலில் கேட்டாள்.